ஐந்து கோடு சிக்னலும் வராத மாப்பிள்ளையும்

எங்கள் குடும்பத்துக் கல்யாண அழைப்பிதழ் எதிலும் என் தொலைபேசி எண்ணைப் போடமாட்டார்கள். சித்தப்பா எண் இருக்கும், மச்சான் எண் இருக்கும், ஒருமுறை சமையல்காரர் எண்கூட இருந்தது. ஏறக்குறைய முப்பது வருஷம் கைத்தொலைபேசித் துறையிலேயே குப்பை கொட்டியவன் நான். ஆனால் என் எண் மட்டும் இருக்காது. ஏன் என்று நான் கேட்டதில்லை. கேட்டால் காரணத்தைச் சொல்லிவிடுவார்கள் என்று பயம்.

அந்தக் காரணம் தொண்ணூறுகளின் நடுவில், பிரிக்பீல்ட்ஸில், என் தங்கை கிரேஸின் கல்யாணத்தன்று உண்டானது. அப்போது எனக்கு இருபத்தைந்து வயது. ஒரு கைத்தொலைபேசி நிறுவனத்தில் டெக்னீஷியனாகச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. கம்பெனி எனக்கு ஒரு ஹென்ட்போன் கொடுத்திருந்தது. அதைக் கோட்டுப் பையில் போட்டால் கோட்டு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு தொங்கும். நான் அதைச் சரிசெய்ய மாட்டேன். தொங்கினால்தானே உள்ளே என்ன இருக்கிறது என்று நாலு பேர் கேட்பார்கள்?

போன் வந்ததைக்கூட வீட்டார் பொறுத்துக்கொண்டார்கள். அது எப்படி வேலை செய்கிறது என்று நான் விளக்க ஆரம்பித்ததைத்தான் அவர்களால் தாங்க முடியவில்லை. சோற்றில் கை வைத்தவர்களை மடக்கிப் பிடித்துப் பாடம் எடுப்பேன். எங்கள் தேவாலயத்தில் ஆர்கன் வாசிக்கும் ரூபி ஆன்டிக்கு மட்டும் நான்கு முறை எடுத்திருக்கிறேன்.

"நீங்க நினைக்கிற மாதிரி நம்ம பேச்சு காத்துலயே கிள்ளான் வரைக்கும் போறதில்ல ஆன்டி. பக்கத்து டவர் வரைக்கும்தான் காத்து. டவர்ல வெள்ளையா வட்டமா ஒரு தட்டு இருக்கு பாருங்க, அது பெட்டாலிங் ஜெயாவுல இருக்கற இன்னொரு தட்டுக்கு நேர்க்கோட்டுல அனுப்பும். அங்கேருந்து டெலிபோன் எக்ஸ்சேஞ்ச். அப்புறம் எல்லாம் மண்ணுக்கு அடியில ஓடற வயர்தான். ரெண்டு தட்டும் கண்ணுக்குக் கண் பாத்துக்கிட்டே இருக்கணும். ரெண்டு விரல் அகலம் திரும்பினாலும் போச்சு!"

"அப்படியாப்பா? சாம்பார் போட்டுக்கோ," என்பார் ரூபி ஆன்டி.

இந்தப் பாடத்தை நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். எடுத்தவன் மறந்துவிட்டான்.

அழைப்பிதழ் அச்சுக்குப் போகும்போதே வினை தொடங்கிவிட்டது. அப்பா ரயில்வேயில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். எதற்கும் மாற்று ஏற்பாடு வேண்டும் என்பவர். வீட்டு எண்ணையும் தேவாலய ஆபீஸ் எண்ணையும் போடச் சொன்னார்.

"அன்னைக்கு வீட்டுல யாருப்பா இருக்கப்போறா? சனிக்கிழமை சர்ச் ஆபீஸும் பூட்டு. வயர் போன் சுவத்துலயே கிடக்கும். என் போன் என்கூட வரும். என் நம்பர் மட்டும் போதும் லா," என்றேன்.

"ஒண்ணு கெட்டா இன்னொண்ணு இருக்கட்டுமேடா."

"கெடாதுப்பா. அந்த டவரே என் பொறுப்புலதான் இருக்கு."

அது உண்மைதான். தேவாலயத்துக்குப் பக்கத்தில் இருந்த நாலு மாடிக் கடைவீட்டின் மொட்டைமாடியில்தான் எங்கள் கம்பெனியின் டவர் நின்றது. மாடிக் கதவின் இரண்டு சாவிகளும் என்னிடமே இருந்தன. (ஒன்றை ஆபீஸில் கொடுத்திருக்க வேண்டும். கொடுக்கவில்லை.)

கல்யாணத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் அந்த மாடிக்கு ஏறினேன், கையில் பன்னிரண்டு அடி நீளத் துணி பேனரோடு. 'டேவிட் – கிரேஸ் திருமண நல்வாழ்த்துகள்' என்று பெரிதாக எழுதச் சொல்லியிருந்தேன். அதற்குக் கீழே, அதைவிடக் கொஞ்சம்தான் சின்னதாக, 'அன்புடன், அண்ணன் சாம், கைத்தொலைபேசி டெக்னீஷியன்' என்று இருந்தது. (யாரும் கேட்கவில்லை. நானாகத்தான் எழுதச் சொன்னேன்.) பெரிய ரோட்டில் திரும்பும்போதே எல்லாருக்கும் தெரிய வேண்டும் என்று ஒரு முனையைத் தண்ணீர்த் தொட்டியின் காலில் கட்டினேன். மறுமுனைக்கு டவரின் தூண் சரிப்படவில்லை, கயிறு வழுக்கியது. வெள்ளைத் தட்டைப் பிடித்துக்கொண்டிருந்த இரும்புக் கைதான் உயரத்துக்கும் கனத்துக்கும் அளவெடுத்துச் செய்தது போல இருந்தது. அதில் கட்டினேன். என் வாழ்க்கையில் அவ்வளவு உறுதியான முடிச்சை அதற்கு முன்னும் போட்டதில்லை, பின்னும் போட்டதில்லை.

சனிக்கிழமை காலையில் மழைக்கு முந்தின காற்று அடித்தது. பேனர் உப்பி விம்மி நின்றது. கீழே நின்று அண்ணாந்து பார்த்தேன். பக்கத்தில் நின்றவரைத் தட்டி, அவரையும் பார்க்க வைத்தேன்.

கல்யாணம் பத்து மணிக்கு. மாப்பிள்ளை டேவிட் போர்ட் கிள்ளானில் ஒரு கிடங்கில் சூப்பர்வைசர். அவர்கள் வீட்டார் நாற்பது பேரும் ஒரே பஸ்ஸில் வருவதாக ஏற்பாடு. பத்து மணிக்கு பஸ் வரவில்லை. பத்தே காலுக்கும் வரவில்லை. அப்பா கடிகாரத்தைப் பார்ப்பதும் வாசலைப் பார்ப்பதுமாக இருந்தார். போதகர் வந்து மெதுவாகச் சொன்னார். கிள்ளானில் ஓர் அடக்க ஆராதனை இருக்கிறது, பதினொன்றே காலுக்கு அவர் கிளம்பியே ஆக வேண்டும். மத்தியானம் தேவாலயத்தில் வேறொரு கல்யாணம். இன்றைக்கு விட்டால் அடுத்த மாதம்தான்.

"சாம், ஒரு காரை எடுத்துக்கிட்டு ஃபெடரல் ஹைவேல போய்ப் பாத்துட்டு வாடா," என்றார் அப்பா.

நான் போனை எடுத்து அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன். "அஞ்சு கோடு சிக்னல்ப்பா. ஏதாச்சும் ஆயிருந்தா கூப்பிட்டிருக்க மாட்டாங்களா? ஜாம்ல இருப்பாங்க."

ரிப்பன் கட்டிய கார்கள் மூன்று வாசலிலேயே நின்றன. மாமா ஒருவர் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பவே செய்தார். அவர் கையைப் பிடித்து உட்கார வைத்தவன் நான்தான்.

"அப்ப அவங்க வீட்டுக்கு அடிச்சுப் பாரேன்," என்றார் அப்பா.

அடித்தேன். அடுத்ததாக நான் செய்ததைச் சொல்ல இத்தனை வருஷம் கழித்தும் கூசுகிறது. காதில் மணி அடிக்கவில்லை. 'டொய்ங் டொய்ங்' என்று அவசரமாக ஒரு சத்தம் வந்து அறுந்தது. அது எதிர்முனையில் யாரும் எடுக்காத சத்தம் இல்லை. அழைப்பு ஊரைத் தாண்டவே இல்லை என்று அர்த்தம். அதைக் கண்டுபிடிக்கத்தான் கம்பெனி எனக்குச் சம்பளம் கொடுத்தது. ஆனால் அப்பா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். என் டவரில் கோளாறு என்று அவரிடம் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

"மணி அடிக்குதுப்பா. யாரும் எடுக்கல. அப்படின்னா கிளம்பிட்டாங்க," என்றேன்.

அப்பா நம்பினார். ஒரு நிமிஷத்தில் தானாகச் சரியாகிவிடும் என்று நானும் நம்பினேன்.

கிரேஸ், பாடகர் குழுவின் அங்கிகளை மாட்டி வைக்கும் சிறிய அறையில் உட்கார்ந்திருந்தாள். என்னைக் கூப்பிட்டாள். கையில் பூச்செண்டு இருந்தது, அதன் காம்பைச் சுற்றியிருந்த ரிப்பனைப் பிரித்துப் பிரித்துச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, சன்னல் பக்கம் யாரோ பேசிக்கிட்டுப் போனாங்க. மாப்பிள்ளைக்கு மனசு மாறிடுச்சாம்னு."

"சும்மா பேசுவாங்க. நீ கேக்காத."

"ஒரே ஒரு தடவ ரோட்டு வரைக்கும் போய்ப் பாத்துட்டு வரியா?"

அவளிடமும் போனைக் காட்டினேன். "இங்க பாரு, ஃபுல் சிக்னல். கூப்பிடணும்னு நெனச்சிருந்தா அவரு கூப்பிட்டிருப்பாரு."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. கிரேஸ் பூச்செண்டை மேசைமேல் வைத்தாள். "சரிண்ணே," என்றாள். அழாமல் இருக்க அவள் பட்ட பாட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லாமல் வெளியே வந்தேன்.

வெளியே ரூபி ஆன்டி தனக்குத் தெரிந்த கல்யாணப் பாட்டையெல்லாம் இரண்டு சுற்று வாசித்து முடித்திருந்தார். மெதுவாக வாசித்தால் யாருக்கும் தெரியாது என்று கிறிஸ்துமஸ் பாட்டுக்குப் போயிருந்தார்.

பத்து ஐம்பதுக்கு வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. கூரையில் ஏணி, பக்கவாட்டில் எங்கள் கம்பெனியின் சின்னம். ஒரு கதவைத் திறந்துகொண்டு, என்னோடு வேலை பார்க்கும் சியோங் தலையில் பாதுகாப்புத் தொப்பியோடு இறங்கினான். மறுகதவைத் திறந்துகொண்டு டேவிட் இறங்கினார். கோட்டும் டையும் அப்படியே இருந்தன. கோட்டின் ஒரு கையில் முழங்கை வரை கறுப்பு கிரீஸ்.

ரூபி ஆன்டி கிறிஸ்துமஸ் பாட்டைப் பாதியில் விட்டுக் கல்யாணப் பாட்டுக்குத் தாவினார். ஜனங்கள் எழுந்து வாசலுக்கு வந்தார்கள். அப்பா ஓடிப்போய் மாப்பிள்ளையின் கிரீஸ் இல்லாத கையைப் பிடித்துக்கொண்டார்.

சியோங் சீனன்தான், ஆனால் சுங்கை வேயில் தமிழர்களோடு வளர்ந்தவன். தமிழில் நம்மைவிட நன்றாகத் திட்டுவான். "சாம்! ரூஃப் சாவி எங்கடா? காலையிலேருந்து உன் சைட்டு லிங்க் விட்டு விட்டு அறுந்துக்கிட்டு இருக்கு. கன்ட்ரோல் ரூம்காரன் உனக்கு அடிச்சு அடிச்சு ஓய்ஞ்சிட்டான்."

"என் போன்ல ஃபுல் சிக்னல் இருக்கே," என்றேன். (ஆமாம், அப்போதும்.)

"டவர் உன் தலைக்கு மேல நிக்குது, சிக்னல் காட்டாம என்ன பண்ணும்? டவருக்கும் எக்ஸ்சேஞ்சுக்கும்தான் பேச்சு இல்ல லா!" என்று அண்ணாந்து பார்த்தவன் அப்படியே நின்றான். எல்லாரும் அண்ணாந்தார்கள். காற்றில் பேனர் இழுக்க இழுக்க, வெள்ளைத் தட்டு பெட்டாலிங் ஜெயாவை விட்டுவிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர்த் தொட்டியைப் பார்க்கத் திரும்பியிருந்தது.

சியோங்குக்குத் தமிழ் பேசத்தான் தெரியும், படிக்கத் தெரியாது. "எந்த மடையன் கட்டினான்? என்ன எழுதியிருக்கு?" என்று கேட்டான்.

டேவிட்தான் நிதானமாக, எழுத்து எழுத்தாகப் படித்துக் காட்டினார். "அன்புடன்... அண்ணன் சாம்... கைத்தொலைபேசி... டெக்னீஷியன்."

நடந்தது இதுதான். பாதி வழியில், சுங்கை வே பக்கத்தில் பஸ்ஸின் ரேடியேட்டர் வெடித்துவிட்டது. டேவிட் ஒரு காப்பிக் கடையிலிருந்து, அழைப்பிதழில் இருந்த ஒரே எண்ணுக்குத் திரும்பத் திரும்ப அடித்திருக்கிறார். ஒவ்வொரு முறையும் பதிவு செய்த ஒரு பெண் குரல் இப்போது தொடர்புகொள்ள முடியாது என்று மரியாதையாகச் சொல்லியிருக்கிறது. ரோட்டு நெரிசலில் எங்கள் கம்பெனி வேனைக் கண்டதும், உங்கள் சேவை ஏன் இப்படி இருக்கிறது என்று கேட்கத்தான் சன்னலைத் தட்டியிருக்கிறார். எந்த எண் என்று சியோங் கேட்டிருக்கிறான். கேட்டதும், "அந்த ஆளத்தான் நானும் தேடிப் போறேன், ஏறு," என்றானாம். வேனில் கேபிள் உருளைகளுக்கு நடுவே ஒரு ஆளுக்குத்தான் இடம் இருந்தது.

அதாவது, டேவிட்டின் அம்மாவும் அப்பாவும் இன்னும் ரோட்டோரத்தில்தான் நின்றார்கள். மூன்று கார்களும் பறந்தன. போதகர் பதினொரு மணி வரை காத்திருந்து பார்த்துவிட்டு ஆராதனையைத் தொடங்கினார். நான் சாவியை சியோங்கிடம் கொடுத்துவிட்டு முதல் வரிசையில் போய் நின்றேன்.

கிரேஸ் உடன்படிக்கை சொல்லத் தொடங்கினாள். "இன்பத்திலும் துன்பத்திலும்..." என்று அவள் சொன்ன நேரத்தில் என் கோட்டுப் பை அலறியது. எடுத்தேன். கன்ட்ரோல் ரூம்தான். பிரிக்பீல்ட்ஸ் லிங்க் சரியாகிவிட்டதாம்.

மாப்பிள்ளையின் அம்மா வந்து சேர்ந்தபோது போதகர் கிளம்பிப் போயிருந்தார். பெற்ற பிள்ளையின் கல்யாணத்தை அந்த அம்மா பார்க்கவில்லை. நான் அவர் முன்னால் போய் நின்று எதையோ உளறினேன். ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, "பரவால்ல தம்பி. போட்டோ எடுத்திருப்பீங்கல்ல?" என்றார். அன்றைக்குக் கேட்ட எதுவும் என்னை அந்த அளவுக்குச் சுட்டதில்லை.

அதற்குப் பிறகு எங்கள் குடும்பத்தில் 'ஃபுல் சிக்னல்' என்பதற்கு ஒரே அர்த்தம்தான். பிரியாணி பத்துமா என்று கேட்டு, பொறுப்பில் இருப்பவர் "ஃபுல் சிக்னல்" என்றால், உடனே இன்னொரு பானை அரிசி ஊற வைப்பார்கள்.

இரண்டு வருஷத்துக்கு முன் கிரேஸின் மகளுக்கு அதே தேவாலயத்தில் கல்யாணம். மாப்பிள்ளை வீடும் கிள்ளான்தான். பத்துக்குப் பத்து நிமிஷம் இருந்தது, யாரையும் காணோம். இந்த முறை நான் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. எந்த போனையும் நம்பவில்லை. காரை எடுத்துக்கொண்டு ஃபெடரல் ஹைவேயில் ஏறினேன். நெரிசலில் ஊர்ந்து ஊர்ந்து, நின்ற பஸ், நிற்காத பஸ் எல்லாவற்றுக்குள்ளும் எட்டிப் பார்த்துக்கொண்டு சுங்கை வே வரைக்கும் போய்விட்டேன்.

அங்கே போன் அடித்தது. கிரேஸ்.

"அண்ணே, எங்க இருக்க? அவங்கல்லாம் டிரெயின்ல வந்து, பக்கத்துல சென்ட்ரல் ஸ்டேஷன்ல இறங்கி நடந்தே வந்துட்டாங்க. கல்யாணம் முடிஞ்சிருச்சு."

காரை ஓரமாக நிறுத்தினேன். பின்னால் ஒரே சிரிப்பும் ஆர்கன் சத்தமுமாகக் கேட்டது. குரல் அவ்வளவு தெளிவு.

"இரு, எங்க மாமியார் பேசணுமாம்," என்றாள்.

எண்பது தாண்டிய டேவிட்டின் அம்மா போனை வாங்கினார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"பரவால்ல தம்பி. போட்டோ எடுத்திருக்காங்க."