ஆளுக்கு அரை ஹாலிபட்

நீங்கள் பிடித்த மீனின் படத்தைக் கைபேசியில் காட்டினால், நகுலேஸ்வரன் முதலில் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றுவார். பிறகு வலக்கையின் பெருவிரலையும் சுண்டுவிரலையும் விரித்து, திரையில் தெரியும் மீனின் வாயில் ஒன்றையும் வாலில் மற்றதையும் வைப்பார். விரல் பட்ட மாத்திரத்தில் படம் பெரிதாகும். அல்லது நழுவி அடுத்த படத்துக்கு ஓடும். மீன் கிடந்த இடத்தில் உங்கள் மகளின் பிறந்தநாள் கேக் வந்து நிற்கும். அவர் கலங்கமாட்டார். விரித்த சாண் குலையாமல் கையைத் தூக்கிக் காற்றில் பிடித்து, கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வார்: “இது அளவு காணாது. விட்டிருக்கவேணும்.”

அந்த மீனை நீங்கள் போன கிழமையே பொரித்துத் தின்றுவிட்டீர்கள். அதனாலென்ன? தின்றது ஒரு குற்றம் என்றால், அளவு பாராமல் தின்றது இன்னொன்று.

இவர் தனியாள் இல்லை, வாசகரே. ஓர் இனம். அளவுகாரர் என்று பெயர் வைத்துக்கொள்வோம். உங்களுக்கும் ஒருவரைத் தெரியும். பிறந்தநாள் விழாவில் ரோல்ஸ் தட்டுக்கு அருகே நின்று, “ஒண்டொண்டா எடுங்கோ, பின்னுக்கும் சனம் நிக்குது” என்று சொல்பவர். லிஃப்டில் ஏறியதும் எத்தனை பேர் ஏறலாம் என்ற தகட்டை வாசித்துவிட்டுக் கடைசியாக ஏறியவரைத் திரும்பிப் பார்ப்பவர். பிறர் வீட்டு ஹீட்டரின் சூட்டைக் குறைத்துவிட்டு, “இவ்வளவு காணும்” என்று அவர்களுக்கே ஆறுதல் சொல்பவர். இவரை அந்த வேலைக்கு வைத்தது யார்? ஒருவருமில்லை. ஆனால் விலகு என்று சொன்னவரும் இல்லை. அது போதும் அவருக்கு.

ஒன்று சொல்லவேண்டும், மனிதர் நேர்மையானவர்: ஊருக்கு வைத்த அளவைத்தான் தனக்கும் வைப்பார். ரோல்ஸ் தட்டில் அவரும் ஒன்றுதான் எடுப்பார். அதனால்தான் மனிதரை வெறுக்கவும் முடிவதில்லை.

இவரிடம் ஒரு கோடைகாலம் முழுக்க அகப்பட்டவன் றஜிந்தன். நகுலேஸ்வரனின் மனைவி ஜெகதீஸ்வரியின் தம்பி. கனடாவில், புவாண்ட்-கிளேரில் ஒரு வெயர்ஹவுசில் பெட்டி அடுக்குகிறான். அத்தான் தலைவராக இருக்கும் தமிழ்த் தூண்டில் கழகத்தில் அவனும் சேர்ந்து சில வருடங்களாகின்றன. ஆற்றில் பிடித்திருக்கிறான். கடலுக்குப் போனதில்லை. அவனுடைய ஆசை ஹாலிபட்: கஸ்பே பக்கம் ஒரு நாள் முழுக்கக் கார் ஓடி, படகை வாடகைக்குப் பிடித்து, இரண்டு கண்ணும் ஒரே பக்கத்தில் வைத்துக்கொண்டு கடலடியில் கதவுப் பலகைபோல் படுத்திருக்கும் அந்த மீனை மேலே இழுத்துவருவது. வருடா வருடம் அத்தான் குறித்த நாட்கள் அவனுடைய வேலை நாட்களில் விழுந்தன. வருடா வருடம் மற்றவர்களும் போகவில்லை என்பது வேறு கதை. மழை, கலியாணம், யாருக்கோ முதுகு நோ.

இந்த வருடம் விட்டால் இனி இல்லை என்று அவனுக்குத் தெரியும். மனைவி தனுஷாவுக்கு ஆகஸ்ட் கடைசியில் பிள்ளை பிறக்க இருந்தது. கைக்குழந்தையை வைத்துக்கொண்டு மீன் பிடிக்க ஒரு நாள் தூரம் போகிறேன் என்று சொல்லக்கூடிய தகப்பன் எங்கள் சனத்துக்குள் இன்னும் பிறக்கவில்லை. வேலையிடத்திலோ மூத்தவர்கள் எடுத்ததுபோக அவனுக்கு மிஞ்சிய லீவு ஜூலை முதல் கிழமை மட்டும். அதையும் திங்கட்கிழமைக்குள் உறுதிசெய்ய வேண்டும்.

அதற்கு முதல்நாள் ஞாயிறு, கழகக் கூட்டம்.

காரணம் இருந்தது. பொழுதுபோக்குக்கு மீன் பிடிப்பவர்களிடம் மீன்வளத் திணைக்களம் கருத்துக் கேட்டிருந்தது: ஹாலிபட் பருவத்தை எப்போது திறக்கலாம், ஆளுக்கு எத்தனை விடலாம்? மூன்று தவணைகளைக் காட்டி, எது வசதி என்று சொல்லுங்கள் என்றது. நாடு முழுக்க எத்தனையோ பேரிடம் கேட்ட கேள்வி. நகுலேஸ்வரன் அதைப் பதவியேற்பாக எடுத்துக்கொண்டார்.

இல்-பிசாரில் அவருடைய வீட்டுப் பேஸ்மென்டில் கூடினார்கள். றஜிந்தன் கார்ட்டியர்வில்லிலிருந்து பஸ் மாறி, அடுத்த பஸ் வராமல், மிச்சத்தை நடந்து வந்து சேர்ந்தபோது அத்தான் ஏற்கெனவே தொடங்கியிருந்தார். ஒரு பக்கம் கோயில் கலண்டர். மறுபக்கம் மடிக்கணினியில் திணைக்களத்தின் பக்கம். நடுவில் அவர், சம்பந்தம் பேச வந்த இரண்டு வீட்டாருக்கும் பொதுவான ஆள்போல.

“முதலாம் தவணை, ஜூலை முதல் கிழமை,” என்றார்.

றஜிந்தன் நிமிர்ந்தான்.

“அதுக்குள்ள ஆனி உத்தரம் வருது. ஏலாது.”

றஜிந்தன் சாய்ந்தான்.

“உத்தரம் ஒரு நாள்தானே அண்ணை,” என்றாள் ஜொய்சி. கார்டெரி என்கிற குழந்தைகள் காப்பகம் ஒன்றில் பிள்ளைகளைப் பார்ப்பவள், கத்தோலிக்கப் பெண், அந்தக் கூட்டத்தில் கடலில் தூண்டில் போட்ட ஒரே ஆள்.

“செவ்வாய் இருக்கு, வெள்ளி இருக்கு, சஷ்டி இருக்கு. கழிச்சுப் பாரும், என்ன மிஞ்சும்?”

“வெள்ளியெண்டா எங்கட ஆக்களுக்கு மீன்தானே வேணும்.”

“உங்களுக்குச் சரி பிள்ளை. கழகத்துக்கெண்டு ஒரு ஒழுங்கு வேணுமே.”

மூலையிலிருந்து சுந்தரராஜன் கையைத் தூக்கினார். தமிழ்நாட்டுக்காரர், ஓய்வுபெற்ற புள்ளியியல் பேராசிரியர், பரம்பரைச் சைவம். கடற்காற்று நல்லது என்று டாக்டர் சொன்னதால் கழகத்தில் சேர்ந்தவர். “சார், பிடிக்கறதுக்கும் சாப்பிடறதுக்கும் என்ன சார் சம்பந்தம்? பிடிச்சு ஃப்ரீசர்ல போட்டுட்டு அடுத்த நாள் சாப்பிடுங்களேன்.”

“புரொபெசர், விரத நாளில மீன் வீட்டுக்குள்ள வந்திட்டா, ஃப்ரீசருக்குள்ள கிடந்தா என்ன, சட்டிக்குள்ள கிடந்தா என்ன?”

“அப்போ கடலுக்குள்ள கிடந்தா?”

நகுலேஸ்வரன் சற்று யோசித்தார். “அது மீனின்ர பாடு.”

இரண்டாம் தவணை ஜூலை கடைசி. அதில் ஆடிச் செவ்வாய். தகப்பன் இல்லாதவர்களுக்கு ஆடி அமாவாசை. பிறகு ஊரில் நல்லூர்க் கோயில் கொடி. அங்கே கொடி ஏறினால் இங்கே, இத்தனை கடல் தள்ளி, இல்-பிசாரில் நகுலேஸ்வரன் வீட்டு மீன் சட்டி அலுமாரியின் மேல்தட்டுக்கு ஏறும். தேரும் தீர்த்தமும் முடிந்துதான் இறங்கும். ஆகவே மிஞ்சியது மூன்றாம் தவணை, ஆகஸ்ட் கடைசி. “தீர்த்தம் முடிஞ்சு சனம் மீனுக்கு அந்தரப்படுற நேரம். இதுதான் சரியான பருவம்.”

பருவம் என்பது மீனைப் பொறுத்தது, அது எப்போது முட்டையிடும், எப்போது வளரும் என்று பார்த்து வைப்பது என்றுதானே நீங்கள் நினைத்திருந்தீர்கள்? பாவம்.

“அத்தான்,” என்றான் றஜிந்தன். அந்த வீட்டில் அவன் வாய் திறந்தால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள், அவ்வளவு அபூர்வம். “ஆகஸ்ட் கடைசியில தனுஷாவுக்குப் பிள்ளை பிறக்குது. எனக்கு லீவும் ஜூலையிலதான்.”

“தெரியும் தம்பி, சந்தோசம். ஆனா ஒராளுக்காகக் கடலைத் திறக்கேலுமோ?”

மற்றவர்களுக்காக அதைத் திறப்பதில் அவருக்கு ஒரு தடையும் இருக்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

அடுத்தது அளவு. ஒரு ஹாலிபட்டைத் தொட்டும் பாராத கழகம் ஆளுக்கு எத்தனை என்று தீர்மானிக்க உட்கார்ந்தது. ஒருவர் இரண்டு என்றார், இன்னொருவர் பெரிதென்றால் ஒன்று என்றார். நகுலேஸ்வரன் எல்லோரையும் பேசவிட்டுக் கடைசியில் சொன்னார்:

“ஆளுக்கு அரை.”

“அரை மீனை என்னெண்டண்ணை பிடிக்கிறது?” ஜொய்சி கேட்டாள். “மற்ற அரையைத் திருப்பிக் கடலில விடுறதோ?”

“பகிடி விடாதையும். ரெண்டு பேர் சோடி. சோடிக்கு ஒண்டு. எல்லாருக்கும் காணவேணும்.”

எல்லார் மண்டைக்குள்ளும் ஒரே கணக்கு ஓடுவது கேட்கும்போல் இருந்தது. பிறகு தலைகள் ஒவ்வொன்றாகச் சுந்தரராஜன் பக்கம் திரும்பின. மீன் தின்னாத மனிதர்! அவரோடு சோடி சேர்ந்தவருக்கு முழு மீன்!

“புரொபெசர் ஐயா, இந்தப் பற்றிஸ் மரக்கறிதான், எடுங்கோ,” என்று ஜொய்சி தட்டை நீட்டினாள். “அங்கிள், போகேக்க நான் காரில கொண்டுபோய் விடுறன்,” என்றான் பிரணவன், அன்றுவரை அவருக்கு ஒரு வணக்கம்கூடச் சொல்லாத உறுப்பினன். புள்ளிவிவரம் எத்தனையோ சொல்லியும் கழகத்தில் கிடைக்காத மரியாதை, கத்தரிக்காய் தின்றதற்காகக் கிடைத்தது. மனிதர் வெட்கத்தில் சிவந்தார்.

“சண்டை வேண்டாம்,” என்றார் நகுலேஸ்வரன். “புரொபெசர் என்னோட. தலைவர் எண்ட முறையில.”

நேர்மையானவர் என்றுதானே சொன்னோம்? அளவில். சோடி சேர்ப்பதில் என்று சொல்லவில்லை.

மேலே குசினியிலிருந்து ஜெகதீஸ்வரியின் குரல் படியில் இறங்கி வந்தது: “முதல்ல ஒண்டைப் பிடிச்சுக்கொண்டு வாங்கோ, பேந்து பிரிப்பம்!”

திங்கட்கிழமை றஜிந்தன் ஜூலை முதல் கிழமைக்கே லீவை உறுதிசெய்தான். துணிச்சல் என்று பாராட்டிவிடாதீர்கள். வேறு கிழமை இருக்கவில்லை.

கழகத்தின் தீர்மானம் திணைக்களத்துக்குப் போய்ச் சில வாரங்கள் கழித்து அறிவிப்பு வந்தது. ஹாலிபட் ஜூலை தொடக்கத்தில் திறக்கும், ஆகஸ்ட் நடுவில் மூடும், ஆளுக்கு ஒன்று. வேறு எந்த மனிதனும் இதைத் தோல்வி என்று எடுத்துக்கொண்டிருப்பான். “நாங்கள் எழுதினதைப் பார்த்துத்தான் ஒண்டெண்டு இறுக்கியிருக்கினம்,” என்றார் நகுலேஸ்வரன். ஆனால் கழகத்தின் தீர்மானம் தீர்மானமே. எங்கள் பருவம் தீர்த்தத்துக்குப் பிறகுதான். நிலைமையை யோசித்துப் பாருங்கள்: சட்டம் பிடிக்கலாம் என்ற நாட்களில் கழகம் விடாது, கழகம் விடும் நாட்களில் பிடித்தால் சட்டம் அபராதம் போடும். கனடாவின் மீன்களுக்கு இதைவிடப் பெரிய காவலை யார் செய்தார்கள்?

றஜிந்தன் தொலைபேசியில் சொன்னான், நேரே பார்த்துச் சொல்லப் பயம். “அத்தான், நான் ஜொய்சியக்காவோட கஸ்பேக்குப் போறன்.”

“அங்க அளவு பார்க்கிறது ஆர்?”

“படகுக்காரன் பார்ப்பான்.”

“அவனுக்கு எங்கட ஒழுங்கு தெரியுமோ? பொறும், நானும் வாறன்.”

கஸ்பேயில் வியாழன் போகவேண்டிய படகு காற்றால் நின்றது. “தெமென்,” என்றான் படகுக்காரன் பிரெஞ்சில், நாளைக்கு. நாளை வெள்ளி. நகுலேஸ்வரன் திருநீறு பூசி, லைஃப் ஜாக்கெட்டை மாட்டி, அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு ஏறினார். கரை மறைந்ததும் இரண்டு கையாலும் படகோரக் கம்பியைப் பிடித்தவர் பிறகு விடவில்லை. நாடா மட்டும் காற்றில் ஆடியது.

மத்தியானம் தாண்டி றஜிந்தனின் தூண்டில் வளைந்தது. அடியில் ஏதோ கல்லில் சிக்கியிருக்கிறது என்று நினைத்தான். கல் நகர்ந்தது. அவன் இழுக்க அது இறங்க, அவன் விட அது கிடக்க, மறுபடி இழுக்க, தோள் எரிய, ஜொய்சி பின்னால் நின்று “விடாத, விடாத, சுத்து, சுத்தடா” என்று கார்டெரியில் பழகிய குரலில் அதட்ட, கடைசியில் பச்சைத் தண்ணீருக்குள் ஒரு பெரிய வெளுப்பு திரும்பியது. படகுக்காரன் கொக்கியோடு குனிந்தான்.

“வெள்ளிக்கிழமை,” என்றார் நகுலேஸ்வரன், கம்பியை விடாமல். “அதை விட்டுவிடும், தம்பி.”

படகுக்காரன் அவர்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்தான். அவனுக்குப் பாஷை விளங்கவில்லை. மீனுக்குப் பக்கத்தில் தன் அளவுகோலை வைத்துக் காட்டினான், தாராளமாக வைத்திருக்கலாம்.

“அண்ணை, அதுக்கு விரதம் தெரிஞ்சிருந்தா இரையைக் கடிச்சிருக்குமே?” என்றாள் ஜொய்சி.

றஜிந்தன் தூண்டிலை இறுக்கிப் பிடித்தான். “ஆளுக்கு ஒண்டெண்டு சொல்லியிருக்கினம் அத்தான். இது என்ர ஒண்டு.”

அந்தக் குடும்பத்தில் அவன் கலியாணத்துக்குச் சம்மதம் கேட்டபோதுகூட இவ்வளவு நீளமாகப் பேசியதில்லை. நகுலேஸ்வரன் கடலைப் பார்த்தார். கடல் அவருக்குச் சாதகமாக ஒன்றும் சொல்லவில்லை. “சரி,” என்றார். “ஆனா ஐஸ் பெட்டி இண்டைக்கு என்ர காருக்குள்ள ஏறாது.”

ஜொய்சியின் காரில் ஏறியது.

ஞாயிற்றுக்கிழமை கார்ட்டியர்வில்லில் றஜிந்தனின் சின்ன அப்பார்ட்மென்டுக்குள் இரண்டு அப்பார்ட்மென்ட் சனம். அவனே வெட்டினான், அவனே பொரித்தான். சுடச்சுடத் தட்டுகளில் வைத்தான். வீட்டுக்குக் கொண்டுபோகிறவர்களுக்குப் பையில் போட்டுக் கட்டிக் கொடுத்தான். “இது ரெண்டு பேருக்கு. வியாழனுக்கு முன்னம் முடிக்கவேணும், சொல்லிப்போட்டன்.” ஜொய்சி கரண்டியோடு சட்டிக்குக் கிட்டப் போனபோது மெதுவாகக் கையைப் பிடித்தான். “பொறுங்கோ அக்கா. இன்னும் ஆக்கள் வர இருக்கு.” இதில் என்ன பிழை? ஆட்கள் வரத்தான் இருந்தார்கள்.

இனி உங்கள் பக்கம் வருவோம். இதுவரை சிரித்துக்கொண்டு வந்தீர்கள், சரி. அந்த மீன் எத்தனை துண்டு தேறியிருக்கும், அத்தனை சனத்துக்கு ஆளுக்கு எத்தனை வந்திருக்கும் என்று நடுவில் ஒரு கணக்குப் போட்டீர்களா இல்லையா? போட்டிருந்தால் எழும்பி ஒருமுறை கண்ணாடியைப் பார்த்துவிட்டு வாருங்கள். இந்த இனத்தில் யாரும் பிறப்பதில்லை. சட்டியில் கொஞ்சம் குறைவாக இருந்து, அகப்பை உங்கள் கையில் இருந்தால் போதும்.

அன்றிரவு நடந்த ஒன்று மட்டும் றஜிந்தனுக்குப் பிள்ளை பிறந்து பல நாள் கழித்துத்தான் தெரியவந்தது. அவன் யாரையோ வழியனுப்பக் கீழே போயிருந்த நேரம், நகுலேஸ்வரன் வெறும் தட்டோடு குசினி வாசலில் வந்து நின்றாராம். அந்தப் பக்கம் இந்தப் பக்கம் பார்த்துவிட்டு, தனுஷாவிடம் ரகசியக் குரலில் கேட்டாராம்: “பிள்ளை, இன்னொரு துண்டு எடுக்கலாமோ? றஜியிட்ட ஒருக்காக் கேட்டுச் சொல்லும்.”

“ஐயோ பாவம். நீ என்ன சொன்னனீ?” என்று றஜிந்தன் தனுஷாவைக் கேட்டான்.

“உங்களை நான் ஏன் கேக்கவேணும்?” என்றாள் தனுஷா. “காணும் அண்ணை, நாளைக்கும் இருக்கட்டும் எண்டு நானே சொல்லிப்போட்டன்.”