காற்றடைத்த ஏரி

வைட்ஃபீல்டில் வேலை பார்க்கிறவர்களுக்குத் திங்கட்கிழமை காலையில் அத்தியாவசியமாகத் தேவைப்படுவது ஒரு பதில். "வீக்கெண்ட் என்ன பண்ணீங்க?" என்று கேட்பார்கள். தெரிந்துகொள்வதற்காக யாரும் கேட்பதில்லை. தாங்கள் என்ன பண்ணினோம் என்று சொல்வதற்காகக் கேட்கிறார்கள். ஆனாலும் முதலில் நாம் ஏதாவது சொன்னால்தான் அவர்கள் ஆரம்பிக்க முடியும்.

ரெமிஜியஸ் விவேக் நகரில், குழந்தை ஏசு கோயிலுக்கு இரண்டு தெரு தள்ளி, அப்பா கட்டிய வீட்டில் மனைவி நோராவோடு குடியிருந்தார். வைட்ஃபீல்டில் ஒரு கம்பெனியில் சம்பளப் பிரிவில் வேலை. சனிக்கிழமை துணி துவைப்பார். ஞாயிறு பூசைக்குப் போவார், வந்து பிரியாணி சாப்பிடுவார், தூங்குவார். பல வருடமாக இதை ஒளிவுமறைவில்லாமல் ஆபீசில் சொல்லிக்கொண்டும் இருந்தார். புதிதாக வந்த மேனேஜர் நிருபமா ஒருநாள் அவரைத் தனி அறைக்குக் கூப்பிட்டார்.

"ரெமி, உங்க வேலையில ஒரு குறையும் இல்ல. ஆனா உங்ககிட்ட ஒரு பேஷன் இல்ல."

ரெமிஜியஸ் குனிந்து தன் சட்டையைப் பார்த்துக்கொண்டார்.

"அந்த பேஷன் இல்ல. உள்ளேருந்து வர்ற பேஷன். கிரண் மலை ஏறுறார். சுனிதா பானை செய்யறாங்க. நீங்க துணி துவைக்கிறீங்க. டீமுக்கு இது எப்படி இருக்கும், சொல்லுங்க."

அன்று ராத்திரியே ரெமிஜியஸ் ஆன்லைனில் காற்றடைக்கும் கயாக் ஒன்றை ஆர்டர் செய்தார். கயாக் என்பது ஒடிசலான ஒரு படகு. மடித்தால் பைக்குள் அடங்கும். பம்பால் காற்றடித்தால் நீல நிறத்தில் நீண்டுகொண்டே போய், கூடத்தின் ஒரு சுவரில் மூக்கையும் எதிர்ச்சுவரில் வாலையும் முட்டிக்கொண்டு நிற்கும். நோரா அதைத் தாண்டித்தான் சமையலறைக்குப் போக வேண்டியிருந்தது.

"இது எதுக்குங்க?" என்றாள்.

"உள்ளேருந்து வர்றதுக்கு."

"உள்ளேயே வந்துடுச்சே."

அதன்பின் வந்த ஞாயிறுகளில் ரெமிஜியஸ் கயாக்கை ஆட்டோவில் போட்டுக்கொண்டு ஏரி ஏரியாகப் போனார். முதல் ஏரியின் காவலாளி, படகு விட அனுமதி கிடையாது என்றார். ஏன் என்று கேட்டதற்கு, "தண்ணி பார்க்கறதுக்குத்தான் சார், தொடறதுக்கு இல்ல" என்று விளக்கம் தந்தார். இரண்டாவது ஏரியில் படகு விடலாம், ஆனால் தண்ணீர் இல்லை. மூன்றாவது ஏரியில் யாரும் தடுக்கவில்லை. அங்கே ஆகாயத்தாமரை எவ்வளவு அடர்த்தியாக இருந்ததென்றால், ஒரு நாய் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு நடந்தே போயிற்று. ரெமிஜியஸ் நாயைப் பார்த்தார். பிறகு கயாக்கைப் பார்த்தார். ஆட்டோவைத் திருப்பச் சொன்னார்.

கயாக் மொட்டை மாடிக்குப் போனது.

கோடைக்காலம் வந்தது. குழாயில் காற்று வந்தது. அந்தக் காற்றுக்கும் பில் வந்தது. ஒருநாள் பகலில், எப்போதோ சொல்லிவைத்திருந்த தண்ணீர் லாரி எதிர்பாராமல் தெருவுக்குள் நுழைந்தது. மாடித் தொட்டி நிரம்பியது, குடங்கள் நிரம்பின, பக்கெட்டுகள் நிரம்பின, குக்கர்கூட நிரம்பியது. லாரியில் இன்னும் மிச்சம் இருந்தது. "பிடிக்கிறீங்களா, போகட்டுமா?" என்று டிரைவர் கேட்டார். நோரா ஒரு கணம்தான் யோசித்தாள். பம்பை எடுத்து கயாக்குக்குக் காற்றடித்து, குழாயை அதற்குள் விட்டாள்.

படகு தண்ணீர்மேல் இருக்க வேண்டும் என்பது உலக வழக்கம். இங்கே தண்ணீர் படகின்மேல் இருந்தது. நோராவுக்கு இதில் பெரிய வித்தியாசம் எதுவும் தெரியவில்லை.

இந்தச் சமயத்தில்தான் ஏரி, குளம், குட்டை மீட்பு வாரியம் என்னும் அரசு அமைப்பு, நகரத்தில் காணாமல் போன ஏரிகளைக் கண்டுபிடித்தே தீருவது என்று உரிய ஆலோசனைக்குப் பின் முடிவெடுத்திருந்தது. தேடுவதற்கு டிரோன் வாங்கினார்கள். டிரோன் ஊரைச் சுற்றிவிட்டு வந்து, விவேக் நகரில் நீலமாக ஏதோ மினுங்குவதாகப் படம் காட்டியது.

சர்வேயர் உமேஷ் நாடாவோடு வந்து மாடியேறினார். கயாக்கைச் சுற்றி நடந்தார். குனிந்து தண்ணீரில் தன் முகத்தைப் பார்த்துத் தலை வாரிக்கொண்டார்.

"நோடி சார், நல்லாப் பாருங்க, இது நீர்நிலை" என்றார்.

"இது என்னோட போட் சார்" என்றார் ரெமிஜியஸ்.

"மேலே வானம் தெரியற மாதிரி தண்ணி தேங்கி நின்னா, அது நீர்நிலை. அதான் ரூல்."

"அப்போ பக்கெட்?"

"பக்கெட்டுக்குக் கைப்பிடி இருக்கு. கைப்பிடி இருந்தா பாத்திரம்."

ரெமிஜியஸுக்கு நம்பிக்கை வந்தது. கயாக்கின் மூக்கிலும் வாலிலும் இருந்த பிடிகளைக் காட்டினார். "இதுக்கும் இருக்கு சார்."

உமேஷ் உட்கார்ந்து இரண்டையும் இழுத்துப் பார்த்தார். "ரூல்ல 'கைப்பிடி'ன்னு ஒருமையில போட்டிருக்கு. உங்களுக்கு ரெண்டு இருக்கு. செல்லாது."

"சார், ஊர்ல இத்தனை ஏரி காணாமப் போயிருக்கே. அதையெல்லாம் விட்டுட்டு..."

உமேஷ் நல்ல மனிதர். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அந்த ஏரிங்க மேலெல்லாம் பெரிய பெரிய கட்டடம் இருக்கு சார். யாரு கைவைக்கிறது? உங்க ஏரி மேல துணிக்கொடி மட்டும்தான் இருக்கு."

கொடியைத் தள்ளிக் கட்டச் சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

அடுத்து நோட்டீஸ் வந்தது. மேற்படி ஏரியைச் சுற்றி முப்பது மீட்டர் தூரம் பாதுகாப்பு எல்லை என்றும், அதற்குள் இருக்கும் கட்டடங்கள் அனைத்தும் ஆக்கிரமிப்பு என்றும் அது சொன்னது. முப்பது மீட்டருக்குள் தெருவில் பாதி வந்தது. பக்கத்துவீட்டுக் கோவிந்தப்பா, மூன்று மாடி கட்டி வாடகைக்கு விட்டிருப்பவர், லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

"ஏனப்பா ரெமி, உன் போட்டாலே என் பில்டிங்கு போகணுமா? காத்தைப் பிடுங்கு முதல்ல."

"பிடுங்கினா ஏரியை அழிச்ச குற்றமாம். ஜெயில்னு போட்டிருக்கு."

"தண்ணியையாவது மொண்டு ஊத்து."

"நோரா நேத்து ஒரு சொம்பு மொண்டா. அனுமதியில்லாம ஏரி நீர் எடுத்ததுக்கு இன்னொரு நோட்டீஸ் வந்திருக்கு."

கோவிந்தப்பா அன்றிலிருந்து அவரோடு பேசுவதை நிறுத்தினார். தெருவே நிறுத்தியது. கோயிலில் பூசை நேரத்தில் ஒருவருக்கொருவர் கைகூப்பிச் சமாதானம் சொல்லும் கட்டம் வந்தால், பக்கத்தில் இருந்தவர்கள் அவரை விட்டுவிட்டு அடுத்தவருக்குக் கைகூப்பினார்கள். ரெமிஜியஸுக்குத் தூக்கம் போயிற்று. அப்பா செங்கல் செங்கலாகக் கட்டிய வீடு. லீவு போட்டுவிட்டு, நோராவையும் கூட்டிக்கொண்டு, வாரியத்தின் மேலதிகாரி மமதாவைப் பார்க்கப் போனார்.

மமதா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

"ஏரி எங்க இருக்கு?"

"மாடியில மேடம்."

"வீடு?"

"கீழே."

"அப்போ வீடு ஏரிக்குப் பக்கத்துல இல்ல. ஏரிக்கு அடியில இருக்கு. ஏரிக்கு அடியில இருக்கறது ஏரிப் படுகை. படுகை ஏரியோட ஒரு பாகம். ஏரி எப்படி ஏரியை ஆக்கிரமிக்கும்? உங்க வீட்டுமேல கேஸே நிக்காது."

நோரா கைகூப்பினாள். "அப்போ நாங்க அங்கேயே இருக்கலாமா மேடம்?"

"ஏரிக்குள்ள இருக்கறது யாரு?"

நோரா யோசித்தாள். "மீனுங்களா மேடம்?"

"நீர்வாழ் உயிரினம்" என்று மமதா திருத்தினார். "அப்படியே பதிஞ்சுடலாம். அதுங்களை வெளியேத்த யாருக்கும் அதிகாரம் கிடையாது. நீங்க பாதுகாக்கப்பட்டவங்க. நிம்மதியாப் போங்க."

அவர்கள் மீன்களாக வீடு திரும்பினார்கள். அன்றுதான் ரெமிஜியஸ் அடித்துப்போட்டது போலத் தூங்கினார்.

ஆக்கிரமிப்புப் பிரச்சினை ஓரளவு ஆறப் போடப்பட்டு, ஏரியை அழகுபடுத்தும் பணி தொடங்கியது. கயாக்கைச் சுற்றிக் கம்பிவேலி வந்தது. வேலியைச் சுற்றி நடைபாதை வந்தது. 'ரெமிஜியஸ் கெரெ', அதாவது ரெமிஜியஸ் ஏரி, என்று கன்னடத்தில் பெரிய பலகை வந்தது. அதன் கீழே, இங்கே நீந்துவது, மீன் பிடிப்பது, படகு விடுவது ஆகியவை தடை செய்யப்பட்டுள்ளன என்று எழுதியிருந்தது.

ரெமிஜியஸ் உமேஷைப் பிடித்துக்கொண்டார். "படகு விடக் கூடாதுன்னா, என் படகைத் திருப்பிக் கொடுத்துடுங்களேன்."

"எந்தப் படகு?"

"இதோ, இந்த ஏரிதான் சார் படகு."

உமேஷ் பலகையை ஒருமுறை படித்தார். முகம் மாறியது. "ஏரியில படகு இருக்குன்னு நீங்களே சொல்றீங்களா? எத்தனை நாளா இருக்கு? யார்கிட்ட பர்மிஷன் வாங்கினீங்க?"

ரெமிஜியஸ் அப்படி எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கிவிட்டார்.

காலை நடைக்காரர்கள் வர ஆரம்பித்தார்கள். விலை உயர்ந்த ஷூ மாட்டிக்கொண்டு, ரெமிஜியஸ் வீட்டு மாடிப்படியில் மூச்சு வாங்க ஏறி, கயாக்கைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். இடம் சின்னது என்பதால் முன்னால் போகிறவரின் முதுகிலேயே பார்வையை வைத்துக்கொண்டு நடக்க வேண்டியிருந்தது. தலை சுற்றியவர்கள் அதை மன அமைதி என்று எடுத்துக்கொண்டார்கள். 'ஏரியின் நண்பர்கள்' என்று பச்சை டீ-ஷர்ட் போட்ட ஒரு குழு உருவாயிற்று. கழுத்தில் தொலைநோக்கி மாட்டிய பறவை ஆர்வலர்கள் மூன்றடி தூரத்திலிருந்து கயாக்கை உற்றுப் பார்த்தார்கள்.

கோவிந்தப்பா தன் கட்டடத்தில் 'லேக் வியூ - வீடு காலி' என்று பலகை மாட்டினார். மாட்டிய கையோடு வந்து ரெமிஜியஸின் தோளில் கைபோட்டார். "நம்ம ஏரி, நம்ம ஏரிதான் ரெமி."

நிருபமாவும் ஒருநாள் கிரண், சுனிதாவோடு வந்து பார்த்தார். "ரெமி, லேக்லயே இருந்துக்கிட்டு ஒரு வார்த்தை சொல்லலியே" என்றார். அந்தத் திங்கட்கிழமை ஆபீசில் எல்லோரும் ரெமிஜியஸைச் சுற்றி நின்றார்கள். மலை ஏறிய கிரண் ஓரமாக நின்று காபி குடித்தார். வாழ்க்கையில் முதல்முறையாக ரெமிஜியஸ் வீக்கெண்டைப் பற்றி நீளமாகப் பேசினார். துணி துவைத்ததைச் சொல்லவில்லை.

மே மாதக் கடைசியில், பறவை ஆர்வலர்கள் காத்துக்கிடந்த பறவை வந்தது. காக்கை. அது வேலியில் உட்கார்ந்தது, இறங்கியது, தண்ணீர் குடித்தது. எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு படம் எடுத்தார்கள். குடித்து முடித்த காக்கை, தண்ணீரில் மிதந்த ஒரு பருக்கையைக் கொத்தியது. பருக்கையோடு சேர்த்து ஏரியையும் கொத்தியது.

புஸ்ஸென்று ஒரு சத்தம் வந்தது. கரைகள் மெல்லச் சாய்ந்தன. தண்ணீர் நடைபாதையில் வழிந்து, மழைநீர்க் குழாயில் இறங்கி, தெருச் சாக்கடையோடு கலந்தது. ஏரியின் நண்பர்கள் டீ-ஷர்ட்டை இழுத்துவிட்டுக்கொண்டு மௌன அஞ்சலி செலுத்தினார்கள்.

மமதா நேரில் வந்து பார்த்தார். சுருங்கிக் கிடந்த நீல ரப்பரைக் காலால் தொட்டார். "செத்துப்போச்சு" என்றார். உமேஷ் தலைகுனிந்து நின்றார்.

ரெமிஜியஸுக்கு மட்டும் உள்ளுக்குள் சந்தோஷம். "ஒட்டுப் போட்டா சரியாயிடும் மேடம். நான் வீட்டுக்குள்ள எடுத்துட்டுப் போயிடறேன்."

"செத்த ஏரியை எடுத்துட்டுப் போக முடியாது. செத்த ஏரியில லேஅவுட் போடறதுதான் இந்த ஊர் வழக்கம். சைட்டு சைட்டாப் பிரிச்சு, அப்ளிகேஷன் வாங்கி, பொதுமக்களுக்குக் கொடுத்துடுவோம்."

"மேடம், ஏரின்னா அந்தப் படகு அளவுதானே?"

"ஏரின்னா படுகையும் சேர்த்துத்தான். படுகைன்னா உங்க வீடு."

ரெமிஜியஸ் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டார். "எங்களைப் பாதுகாக்கப்பட்டவங்கன்னு சொன்னீங்களே."

"அது மீனா இருந்தப்போ. ஏரி செத்ததும் நீங்க மறுபடியும் மனுஷங்க ஆயிட்டீங்க. மனுஷங்களைப் பாதுகாக்கச் சொல்லி எங்க ரூல்ல இல்ல." மமதாவுக்கே கொஞ்சம் இரக்கமாகத்தான் இருந்தது. "வேணும்னா நீங்களும் ஒரு அப்ளிகேஷன் போடுங்க."

மறுநாள் வாரிய ஆபீசுக்கு ரெமிஜியஸ் போனபோது வரிசை கேட்டைத் தாண்டி பஸ் ஸ்டாப் வரைக்கும் நின்றது. ஏரியின் நண்பர்கள் டீ-ஷர்ட்டோடு நின்றார்கள். பறவை ஆர்வலர்கள் கவுன்ட்டரைத் தொலைநோக்கியால் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கிரணும் சுனிதாவும் நின்றார்கள். நிருபமா லேப்டாப்பைத் திறந்து வைத்து மீட்டிங் நடத்தியபடியே நின்றார். கோவிந்தப்பா எல்லோருக்கும் முன்னால் நின்றார்.

"நீங்களுமா?" என்றார் ரெமிஜியஸ்.

"தப்பா நினைக்காதேப்பா. வேற யாரோ வாங்கறதுக்கு, தெரிஞ்சவன் நான் வாங்கினா நல்லதுதானே. உன் ஹால் மட்டும்தான் கேட்டிருக்கேன். கிச்சன் சுனிதாவாம்."

ரெமிஜியஸ் நேராகப் போய் வரிசையின் கடைசியில் நின்றுகொண்டார். நிற்க நிற்க, எரிச்சல் அடங்கி மூளை வேலை செய்ய ஆரம்பித்தது. மத்தியானத்துக்கு மேல்தான் அவர் முறை வந்தது. கவுன்ட்டருக்குள் உமேஷ் உட்கார்ந்திருந்தார். ரெமிஜியஸ் ஜன்னலுக்குள் தலையை விட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"சார், முப்பது மீட்டர் பாதுகாப்பு எல்லையும் ஏரியோட சொத்துதானே? அப்போ அதையும் லேஅவுட்ல சேர்க்கலாம் இல்ல?"

உமேஷ் பேனாவைக் கீழே வைத்தார். "சேர்த்தாச்சே சார். காலையிலதான் ஆர்டர் வந்துச்சு."

"அப்படின்னா கோவிந்தப்பாவோட மூணு மாடிக்கு என் பேரைப் போடுங்க. கார்னர் சைட்டு."

"முடியாது சார்" என்று உமேஷ் வருத்தத்தோடு சொன்னார். "அதுக்கு உங்க மிஸஸ் காலையிலேயே வந்து போட்டுட்டாங்க."