ஜமீல் பாயின் வலது கன்னம்

மகள் நஸ்ரினின் நிக்காஹுக்குள் தாடி வளர்த்தே தீருவது என்று ஜமீல் பாய் முடிவெடுத்தபோது, கைவசம் முப்பத்திரண்டு நாள் இருந்தது.

தாடியே இல்லாதவர் என்று சொல்ல முடியாது. நாடியில் தாடி உண்டு. இடது கன்னத்திலும் சுமாராக உண்டு. வலது கன்னம்தான் தரிசு. எந்த மழைக்கும் முளைக்காது. காரைக்குடியில் இருபது வருஷமாக டயர்க் கடை நடத்துகிறவருக்கு அது ஒரு குறையாகவே பட்டதில்லை. நிச்சயதார்த்தத்தன்றுதான் வினை வந்தது. சம்பந்தி மீரான் சாகிபு கண்டரமாணிக்கத்திலிருந்து காரில் வந்தார். முதலில் தாடி இறங்கியது, அப்புறம் அவர் இறங்கினார். அவர் பக்கத்தில் ஜமீல் போய் நிற்க, படம் எடுக்க வந்தவர், "பொண்ணோட அத்தாவைக் கொஞ்சம் வரச் சொல்லுங்க" என்று பெண்ணைப் பெற்ற ஜமீலிடமே சொன்னார்.

அன்றிலிருந்து ஜமீலுக்குச் சோறு இறங்கவில்லை. செல்போனைத் துழாவினார். பனி தேசத்து ஆடு, எருமை, கரடி எல்லாம் சடைசடையாய் நின்றன. விஷயம் பிடிபட்டுவிட்டது.

"கொடைக்கானல்ல இருவது நாள் இருந்துட்டு வாரேன்" என்றார் மனைவி ஹசீனாவிடம்.

"கல்யாண வேலையை வச்சுக்கிட்டா?"

"கல்யாணத்துக்காகத்தான். குளிருக்கு முடி நல்லா வளரும். கரடியைப் பாரு."

"கரடி இருவது நாள்லயா வளத்துச்சு?"

அதற்கு மேல் ஹசீனா சண்டை போடவில்லை. ஜமீல் அப்போதே உஷாராகியிருக்க வேண்டும். சாயந்தரம் டீயைக் கையில் கொடுத்துவிட்டு நிதானமாகச் சொன்னாள்.

"தோல் டாக்டர் வெங்கட்ராமன்கிட்ட போன்ல கேட்டேங்க. குளிருக்கு இல்லையாம். வெயில்லதான் முடி ஜாஸ்தியா வளருமாம்."

"டாக்டரே சொன்னாரா?"

"அவரேதான். வெயிலுக்கு நீக எங்கேயும் போக வேணாம். நம்ம மொட்டை மாடியில வெயிலு சும்மாதானே கெடக்கு."

மறுநாள் காலையில் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு ஜமீல் மாடி ஏறினார். நாற்காலி போட்டு, வலது கன்னத்தைச் சூரியனுக்குக் காட்டி உட்கார்ந்தார். பத்து மணிக்கு அவரைச் சுற்றிக் கல்யாண மிளகாய் பரவியது. அடுத்த நாள் மல்லி வந்தது. அதற்கடுத்து மஞ்சள்.

"இருக்குறதுதான் இருக்கீக, காக்காயை வெரட்டிக்கிடுங்க" என்றாள் ஹசீனா.

"சரி."

"அங்குட்டுக் கெடக்குறதையும் கொஞ்சம் கிண்டி விடுங்க."

கிண்டினார். தும்மினார். சூரியன் நகர நகர நாற்காலியையும் நகர்த்தினார். பதினாறாம் நாள் கண்ணாடியில் பார்த்தால், வலது கன்னத்தில் நாலு முடி. ஜமீலுக்குக் கால் தரையில் பாவவில்லை. நேரே டாக்டரிடம் போய்க் கன்னத்தை நீட்டினார்.

டாக்டர் விளக்கைப் பிடித்துப் பார்த்தார். "இது எப்படியும் வந்திருக்கும் பாய்."

"வெயில்ல வளரும்னு நீங்கதானே சொன்னீக?"

"கோடையில ஒரு துளி ஜாஸ்தியா வளரலாம். அதுவும் கண்ணுக்குத் தெரியாது. வெயில்ல உக்காந்தெல்லாம் தாடி வராது. எல்லாத்தையும் உங்க வீட்டம்மாகிட்டச் சொன்னேனே."

வீட்டுக்கு வந்தால், ஹசீனாவும் நஸ்ரினும் கூடத்தில் மசாலாப் பொடியை டப்பாவில் அடைத்துக்கொண்டிருந்தார்கள். அவர் முகம் தொங்கிக் கிடந்ததைப் பார்த்து நஸ்ரின்தான் முதலில் பேசினாள்.

"அந்த மாமாவுக்குத் தாடிக்குள்ள மொகமே தெரியல அத்தா. கல்யாணப் படத்துல எனக்கு உங்க மொகம் தெரியணும்."

ஜமீல் கன்னத்தைத் தடவிக்கொண்டார். தொட்டுப் பார்த்தால் அவ்வளவு மோசமான கன்னமாகத் தெரியவில்லை. படத்துக்கு எந்தப் பக்கமாக நிற்கலாம் என்றுகூட ஒரு யோசனை ஓடியது. அந்தத் தெம்பில் மனைவி பக்கம் திரும்பினார்.

"டாக்டர் சொன்னதுல பாதியை மட்டும் ஏன் சொன்னே?"

ஹசீனா டப்பாவை மூடினாள்.

"மிச்சத்தையும் சொன்னா மிளகாயை யாருங்க பாக்குறது? நாளைக்கு அரிசி காயப் போடணும், வெள்ளன ஏறிருங்க."