கொட்டேஷன் மாமாவும் கறுப்புத் திரையும்

மூன்று விலைப்புள்ளி பெறாமல் மூச்சுக்கூட வாங்காத மனிதர் இம்மண்ணுலகில் ஒருவரே. அவர் ஏ.எஸ்.ராவ் நகரில் எங்கள் எதிர்வீட்டில் வாழ்ந்தார். பொதுத்துறை ஆலையின் கொள்முதல் பிரிவில் உழைத்து ஓய்வு பெற்ற அவரை, காலனியே கொட்டேஷன் மாமா என்றழைத்தது. கொத்தமல்லிக் கட்டுக்கும் மூன்று கடை ஏறுவார். மகளுக்கு வரன் தேடியபோது, மூன்று ஜாதகம் சேரும்வரை ஒரு உறையைக்கூடப் பிரிக்கவில்லை என்பார்கள்.

இணையவழிப் பேச்சுப்போட்டியின் இறுதிச் சுற்றுக்கு நான் தேர்வான வாரத்தில், எங்கள் மடிக்கணினி உயிரை விட்டது. கைப்பேசியில் பேச அனுமதியில்லை. புதியது வாங்கும் பொறுப்பை அப்பாவிடமிருந்து மாமா பிடுங்கிக்கொண்டார். பெருந்தள்ளுபடியில் வாங்கியும் வந்தார். போட்டியன்று காலை எங்கள் கூடத்தில் அதை இயக்கினால், கறுப்புத் திரையில் இரண்டே வரி. இயங்குதளம் இல்லை.

"அது தனி அயிட்டம்ட்டி. தனியா கொட்டேஷன் கேட்டுருக்கேன். ரெண்டு வந்துட்டு."

"மாமா, ஒரு மணி நேரத்துல போட்டி."

"மூணாவது வந்துட்டு இருக்கு."

வந்தது. கணினிக் கடை பாஷா பாய், பென் டிரைவுடன் வாசலில் நின்றார். "இதுல ஃப்ரீ சாஃப்ட்வேர் இருக்கு சாப். பைசா நக்கோ."

நான் கை நீட்டினேன். மாமா குறுக்கே வந்தார்.

"விலை பூச்சியம்னா கொட்டேஷன் செல்லாது. ரூல் அப்படி. சும்மா குடுக்கான்னா எதுக்குக் குடுக்கான்?"

"கைக்கு இத்னா டென்ஷன் சாப்?" எதற்கு இவ்வளவு பதற்றம் என்று கேட்டார் பாய்.

மேடைகள் பல கண்டவள் நான். சட்டத்தின் நோக்கம் யாது என்று தொடங்கி, அடுக்கடுக்காக வாதங்களை முழங்கினேன்.

"நல்லா பேசுத. இதையே அங்க பேசு," என்றார். இம்மியும் விலகவில்லை.

கடிகாரம் மட்டும் நகர்ந்தது. என் குரல் உடைந்தது. "அங்க பேசணும்னா இது ஓடணும் மாமா."

அவர் என் முகத்தைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், மீண்டும் என் முகத்தைப் பார்த்தார்.

"எமர்ஜென்சி பர்ச்சேஸ்னு ஒண்ணு உண்டு. ஆனா மேலதிகாரி சம்மதிக்கணும்." எதிர்வீட்டை நோக்கிக் குரல் கொடுத்தார். நிலைமையைக் கேட்ட அத்தை, அடுக்களையிலிருந்தே தீர்ப்பளித்தார்: "போட்டுத் தொலைங்க."

"சாங்ஷன் ஆயிட்டு," என்று மாமா விலகினார்.

நடுவர் என் பெயரை அழைத்த நொடியில் நான் இணைப்பில் இருந்தேன். முழங்கினேன், வென்றேன்.

செய்தி சொல்லக் கதவைத் திறந்தேன். நான் பேசிய நேரமெல்லாம் எவரும் அழுத்திவிடாதபடி, எங்கள் வீட்டு அழைப்புமணியை உள்ளங்கையால் மூடிக்கொண்டு நின்றிருந்தார் மாமா.