சொட்டுக் குழாயும் மூன்று திட்டங்களும்

அலுவலகக் கணினித் திரையைப் பார்த்தவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் பொறுப்பில் இருந்த மூன்று திட்டங்களும் ஒரேயடியாகச் சிவந்து கிடந்தன. நேற்று மாலை வரை மூன்றும் பச்சை. இதோ, மேலாளர் பார்வையிட வரப்போகிறார். அலுவலகத்தில் அவருக்குப் பெயர் பூகம்பம்.

எதற்காக நிற்கின்றன என்று தட்டிப் பார்த்தார். மூன்றுக்கும் ஒரே காரணம்: 'விருந்தினர் அறைக் குழாய் ஒழுகல்.'

எல்லாம் அவர் இழுத்துவிட்டுக்கொண்டதுதான். குழாயைச் சரிசெய்யச் சொல்லி மனைவி நச்சரித்தாள். இவர் அலுவலகத் திட்டங்களோடு வீட்டையும் நாலாவதாகச் சேர்த்தார். மூன்றும் முடிந்த பிறகே குழாய் என்று கோடு போட்டு இணைத்தார். "பாரு, நானா தள்ளிப்போடறேன்? கம்ப்யூட்டரே தள்ளுது!" என்று மனைவியின் போனிலும் அதைத் திறந்து கொடுத்தார்.

உண்மையான காரணம் மாமனார். ஓய்வுபெற்ற டிரில் மாஸ்டர். விடிவதற்கு முன்பே விசிலடித்து மாப்பிள்ளையை மொட்டைமாடிக்கு விரட்டி, குனிய வைத்து நிமிர்த்தி எடுத்துவிடுவார். "இந்தச் சொட்டுச் சத்தத்துல தூக்கமே வரல. குழாயை மாத்தினதும் சொல்லியனுப்புங்க" என்று போன முறை கிளம்பிப் போனார். அன்றிலிருந்து அந்தச் சத்தம் கேட்டால்தான் இவருக்கு நிம்மதியான தூக்கம்.

வீட்டுக்குப் போன் போட்டார்.

"அந்தக் கோடெல்லாம் நீயா மாத்தினே?"

"ஆமாங்க. முன்னாடி இருந்ததைப் பின்னாடி மாட்டினேன். பின்னாடி இருந்ததை முன்னாடி மாட்டினேன். அவ்வளவுதான்."

"ஐயோ, என் வேலையே போயிடும்!"

"ஏன் போகுது? குழாயை முடிங்க, மூணும் பச்சையாயிடும்."

"ஆபீஸ்ல உக்காந்துக்கிட்டு எப்படி முடிப்பேன்?"

"அப்ப சிவப்பாவே இருக்கட்டும்."

"கோட்டையாவது அழிச்சிடு. உன் காலைப் பிடிக்கிறேன்."

"அடுப்புல பால் இருக்குங்க." போனை வைத்துவிட்டாள்.

போட்டவர் அழித்தால்தான் அழியும் கோடு அது. வராந்தாவில் பூகம்பத்தின் பூட்ஸ் சத்தம் நெருங்கியது. சட்டென்று இவருக்குப் புத்தி வேலை செய்தது. குழாய் ஒழுகுகிறதா என்று இங்கிருந்து யார் போய்ப் பார்க்கப்போகிறார்கள்? 'முடிந்தது' என்று ஒரு டிக் போட்டார். மூன்றும் பச்சை!

பூகம்பம் உள்ளே வந்தது. திரையை மேலும் கீழும் பார்த்தது. "ம், பரவாயில்லையே" என்று உறுமிவிட்டுப் போய்விட்டது. இவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

பின்னாலேயே போனும் வந்தது.

"ஏங்க, குழாய் முடிஞ்சிடுச்சாமே?"

"அது... சும்மா ஒரு டிக்..."

"டிக் விழுந்தா அடுத்த ஆளுக்குத் தானா தகவல் போகுமாமே. போயிடுச்சு."

"அடுத்த ஆளா? யாரு?"

"எங்கப்பாதான். நான்தான் அவர் பேரைச் சேர்த்து வச்சேன். பஸ் ஏறிட்டாராம்."

இவருக்கு இன்னும் ஒரு நப்பாசை. "குழாய் இன்னும் ஒழுகுதே! பாவம், பெரியவருக்குத் தூக்கம் வராதே! பாதி வழியிலேயே திரும்பிப் போகச் சொல்லிடேன்."

"நீங்க பொய் டிக்தான் போடுவீங்கன்னு தெரியுங்க. அதான் புதுக் குழாயை அப்பாவையே வாங்கிட்டு வரச் சொல்லிட்டேன்."