சைடு-பி அண்ணனும் ஒன்பது புதுப் பாட்டுகளும்

ஒரு பாட்டுக் குழு பிரிந்துபோனதற்காக மெடிக்கல் லீவு எடுத்த மனிதர் சிங்கப்பூரில் ஒருவர்தான் இருக்க முடியும். அவரோடு நான் பதினோரு வருடம் ஒரே அலுவலகத்தில் வேலை பார்த்தேன்.

அவருடைய சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. மற்ற எல்லா இடத்திலும் அவர் சைடு-பி அண்ணன். காலாங் பக்கம் இருந்த எங்கள் சரக்குக் கம்பெனியில் டெலிவரி வேன் ஓட்டினார். நான் ஷிப்பிங் பேப்பர்களைப் பார்க்கும் கிளார்க். சேர்ந்த முதல் வாரமே எங்கள் சீன முதலாளி என்னைத் தனியாகக் கூப்பிட்டு எச்சரித்தார். அவரோடு வேனில் போக நேர்ந்தால் பாட்டு பிடிக்கவில்லை என்று மட்டும் சொல்லிவிடாதே, பாதியில் இறங்கி பஸ்ஸில் வர வேண்டியிருக்கும் என்றார். முன்பு ஒருத்தி அப்படி வந்திருக்கிறாளாம்.

பாட்டு என்றால் ஈரக்காற்று பாட்டு. நம்மூர்த் தமிழ்ப் பையன்கள் நான்கு பேர் கேசட் காலத்தில் ஆரம்பித்த குழு. நான் பள்ளிக்கூடம் போன நாட்களில் கல்யாணத்துக்குக் கல்யாணம் அவர்களுடைய மழைப் பாட்டு ஒன்றைப் போடுவார்கள். அது எனக்கு முழுக்கத் தெரியும் என்று அண்ணனிடம் பெருமையாகச் சொன்னேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

“அது சைடு ஏ, தங்கச்சி. சைடு ஏ ஊருக்காகப் போட்டது. நமக்காகப் போட்டது சைடு பி. கேசட்டைத் திருப்பிப் போட்டுக் கேட்டிருக்கியா?”

“இல்லண்ணே.”

“அப்ப நீ ஈரக்காற்றைக் கேட்டதே இல்ல.”

அந்தக் கேசட்டை அன்று மாலையே எனக்குக் கொடுத்தார். என்னிடம் கேசட் போடும் மெஷின் இல்லை என்றேன். மறுநாள் மெஷினும் வந்தது. அடுத்த நாள் அதைத் துடைக்கும் துணியும் வந்தது.

பழைய வேனை ஸ்கிராப்புக்கு அனுப்பும் நாள் வந்தபோது அலுவலகமே பயந்தது. புது வேனில் கேசட் போடும் ஓட்டை கிடையாது. அண்ணன் சாவியைக் கையால் தொடவில்லை. “பாஸ், இந்த வண்டி ஊமை” என்றார். முதலாளி ஆங்கிலத்திலும் மலாயிலும் மாறி மாறி விளக்கினார். புளூடூத் இருக்கிறது, யூஎஸ்பி இருக்கிறது, பின்னால் பார்க்க கேமரா கூட இருக்கிறது. “கேமராவில பாட்டு வருமா, பாஸ்?” என்று கேட்டார் அண்ணன். மூன்று நாள் சரக்கு தேங்கியது. நான்காம் நாள் வீட்டிலிருந்து சூட்கேஸ் அளவுக்கு ஒரு கேசட் ரேடியோவைத் தூக்கி வந்து, பக்கத்து சீட்டில் உட்கார வைத்து, சீட் பெல்ட் மாட்டி வண்டியை எடுத்தார். ஒருமுறை நானும் அவரோடு சாங்கி கார்கோவுக்குப் போக வேண்டியிருந்தது. ரேடியோவை எடுத்துப் பின்னால் வைப்பார் என்று நினைத்தேன். அதை என் மடியில் வைத்து, எங்கள் இருவருக்கும் சேர்த்து பெல்ட் போட்டார்.

மெடிக்கல் லீவுக் கதையை முதலாளிதான் சொன்னார். ஈரக்காற்று கலைந்துவிட்ட செய்தி வந்த அன்று அண்ணன் காலையிலிருந்து சாப்பிடவில்லை. மதியம் கிளினிக்குக்குப் போய் உட்கார்ந்து, “டாக்டர், குரூப் பிரிஞ்சிருச்சு” என்று சொல்லிக் கண் கலங்கியிருக்கிறார். டாக்டர் குழம்பிப்போய், “பிளட் குரூப்பா?” என்று கேட்டாராம். வெறும் வயிற்றில் நாலு கோப்பி குடித்ததில் வயிற்று வலி மட்டும் நிஜம். இரண்டு நாள் லீவு கிடைத்தது.

குழு பிரிந்ததைவிடப் பெரிய விஷயம் ரசிகர்கள் பிரிந்தது. அண்ணனும் இன்னும் பத்துப் பன்னிரண்டு பேரும் ஞாயிற்றுக்கிழமை காலையில் தேக்கா மார்க்கெட்டில் ஒரு தேத்தண்ணிக் கடையில் கூடுவார்கள். பாடகர் செல்வா திமிரில் விலகினார் என்று பாதிப் பேர் சொன்னார்கள். கீபோர்டு வாசித்த குமார்தான் பொறாமையில் குழுவைக் கெடுத்தார் என்று மீதிப் பேர் சொன்னார்கள். அண்ணன் செல்வா கட்சித் தலைவர். குமார் கட்சிக்குத் தலைவி கிளமெண்டியில் வசித்த ஓர் ஆரம்பப் பள்ளி ஆசிரியை. எல்லாரும் அவரைக் கிளமெண்டி அக்கா என்பார்கள். செல்வா கட்சி காற்றாடிக்குக் கீழே இருந்த மேசையில் உட்கார்ந்தது. குமார் கட்சி கைகழுவும் இடத்துக்குப் பக்கத்து மேசையைப் பிடித்தது.

வருடங்கள் போகப் போக ஆட்களுக்குப் பிள்ளை பிறந்தது, முட்டி தேய்ந்தது, ஒவ்வொருவராக நின்றுபோனார்கள். அண்ணன் என்னை முதல்முறை அங்கே கூட்டிப்போனபோது காற்றாடி மேசையில் அண்ணன் ஒருவர், கைகழுவும் மேசையில் அக்கா ஒருவர். இரண்டு கட்சியிலும் தலைவர்கள் மட்டுமே மிச்சம். பேச்சுவார்த்தை கிடையாது. ஆனால் ஒரு ஞாயிறு கூட இருவரும் தவறியதில்லை.

நடுவில் நான் மாட்டினேன்.

“தங்கச்சி, மூணாவது கேசட்ல கீபோர்டு சத்தம் ஓவர்னு அங்க சொல்லு.”

இரண்டு மேசைக்கும் இடையே ஆறடி இருந்திருந்தால் அதிகம். நான் வாயைத் திறக்கும் முன்பே அக்காவிடமிருந்து பதில் வந்துவிடும். “அந்தக் கீபோர்டு இல்லேன்னா அந்தப் பாட்டே இல்லைன்னு அங்க சொல்லுமா.”

முன்பு இவர்கள் இருவரும் முதல் கேசட் வாங்க விடிகாலையிலேயே சேர்ந்து வரிசையில் நின்றவர்கள் என்று தேத்தண்ணிக் கடைக்காரர் ஒருநாள் சொன்னார். அக்கா நாசி லெமாக், அதாவது தேங்காய்ப்பால் சோறு, கட்டிக்கொண்டு வருவாராம். அண்ணன் அதிலிருக்கும் இக்கான் பிலிசை, பொரித்த நெத்திலியை, மட்டும் பொறுக்கித் தின்றுவிட்டுச் சோற்றைத் திருப்பிக் கொடுப்பாராம். அதற்குக் கூட அப்போது சண்டை வந்ததில்லை.

இந்த நிலைமையில்தான் ஈரக்காற்று மறுபடியும் சேர்ந்து புது ஆல்பம் போடுகிறது என்ற செய்தி என் போனுக்கு வந்தது. வேன் டெலிவரிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தது. ஓடிப்போய்க் கண்ணாடியைத் தட்டிக் காட்டினேன். அண்ணன் இஞ்சினை அணைத்தார். படித்தார். மறுபடி படித்தார். “எதுக்கு இப்ப?” என்றார். சந்தோஷமா கோபமா என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. அன்று உட்லண்ட்ஸ் போக வேண்டிய பெட்டிகளை ஜூரோங்கில் இறக்கிவிட்டு வந்தார்.

ஆல்பம் போனில்தான் வந்தது. நானே அவர் போனில் ஆப்பைப் போட்டுக் கொடுத்தேன். ஒன்பது பாட்டு வரிசையாக இருந்தது. அண்ணன் விரலால் மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார்.

“சைடு பி எங்க?”

“இதில சைடே கிடையாதுண்ணே. ஒன்பதும் ஒண்ணா இருக்கு.”

“திருப்ப முடியாதா?”

“முடியாதுண்ணே.”

அவர் போனைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தது வேடிக்கைக்காகவா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

பிறகு அவரே வழி கண்டுபிடித்தார். போனை ரேடியோவோடு வயர் போட்டு இணைத்து, ஒன்பதையும் ஒரு காலிக் கேசட்டில் பதிவு செய்தார். எந்தப் பாட்டு எந்தப் பக்கம் என்று முடிவு செய்ய மட்டும் ஒரு வாரம் ஆனது. அடுத்த திங்கள் காலை முகம் வாடி வந்தார்.

“எப்படி இருக்குண்ணே?”

“செல்வாவுக்குக் குரல் எறங்கிருச்சு. மேல போக வேண்டிய எடத்தில எல்லாம் கிட்டார் வந்து காப்பாத்துது. மூணாவது பாட்டுல அவன் மகன் ராப் பாடறான். போலீஸ்ல வாக்குமூலம் குடுக்கற மாதிரி இருக்கு. நாலாவது பாட்டு...” அதற்கு மேல் சொல்லாமல் கையை மட்டும் ஆட்டினார்.

ஞாயிறன்று கைகழுவும் மேசையிலிருந்து வேறு தீர்ப்பு வந்தது. “ஒன்பதும் முத்துன்னு அங்க சொல்லுமா. குமார் போட்ட மெட்டுல குறையே கிடையாது.” அக்கா சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை, தேத்தண்ணியைப் பார்த்துச் சொன்னார்.

தோ பாயோவில் ஒரு சமூக மன்றத்தில் ஞாயிறு மதியம் அறிமுக விழா வைத்தார்கள். ஏற்பாடு செய்த இளைஞர்களுக்கு யாரோ இந்த இருவரைப் பற்றியும் சொல்லியிருக்கிறார்கள். மூத்த ரசிகர்கள் சார்பில் ஆளுக்கு இரண்டு வார்த்தை பேசக் கூப்பிட்டார்கள். அண்ணன் இரண்டு வார்த்தையை நான்கு பக்கமாக எழுதினார். வேனில் வைத்து எனக்குப் படித்துக் காட்டினார். முதல் பக்கம், குழு பிரிந்ததற்கு யார் பொறுப்பு என்ற விசாரணை. மீதி மூன்று பக்கம் பாட்டு வாரியாகத் தீர்ப்பு, ஏறக்குறைய எல்லாமே குற்றச்சாட்டு.

“அண்ணே, பாவம் அவங்க. இத்தனை வருஷம் கழிச்சுச் சேர்ந்திருக்காங்க. நல்லா இருக்குன்னு சொல்லிட்டு எறங்கிடுங்க.”

“ஊரே நல்லா இருக்குன்னு சொல்லும். நானும் சொன்னா, நான் இத்தனை வருஷம் கேட்டதுக்கு என்ன அர்த்தம்?”

விழா அன்று வெளுத்த சட்டையில் அயர்ன் மடிப்போடு அவர் மேடையேறினார்.

மேடையில் நான்கு பேரும் நாற்காலியில் இருந்தார்கள். கேசட் அட்டையில் முடி பறக்க நின்றவர்கள். இப்போது நால்வருக்கும் சேர்த்து ஒருவருக்குப் போதுமான முடி இருந்தது. அண்ணன் மைக்கைப் பிடித்தார், பேப்பரைப் பிரித்தார், வணக்கம் கூடச் சொல்லவில்லை.

“நீங்க பிரிஞ்சது யாரால?”

இரண்டாம் வரிசையில் கிளமெண்டி அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தார். செல்வா குமாரைப் பார்த்தார். குமார் செல்வாவைப் பார்த்தார்.

“சண்டை ஏதும் போட்டமா?” என்று குமார் அவரையே கேட்டார்.

“எனக்கு ஞாபகம் இல்லையே” என்றார் செல்வா.

அண்ணன் விடவில்லை. “கடைசிக் கேசட் அட்டையில நீங்க குமாருக்கு முதுகைக் காட்டிக்கிட்டு நிக்கிறீங்க.”

செல்வா நெற்றியைத் தேய்த்தார். “அது வெயில் லா, அண்ணே. கண்ணு கூசிச்சு.”

டிரம்ஸ் வாசிப்பவர்தான் கடைசியில் விளக்கினார். அவர் வீடு மாறினார். புது வீட்டில் பக்கத்து வீட்டுக்காரர்கள் டிரம்ஸ் சத்தத்துக்குப் புகார் கொடுத்தார்கள். ஒத்திகைக்கு வேறு இடம் தேடினார்கள். அதற்குள் குமாருக்குக் கப்பல் பட்டறையில் ஷிஃப்ட் வேலை, செல்வாவுக்கு இரட்டைப் பிள்ளைகள். “அடுத்த மாசம் பாத்துக்கலாம்னு சொன்னோம். அந்த அடுத்த மாசம் வரவே இல்ல. அவ்வளவுதான்.”

கூட்டம் சிரித்தது. அண்ணன் சிரிக்கவில்லை. கையில் இருந்த பேப்பரையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மெல்லத் தலையைத் திருப்பி இரண்டாம் வரிசையைப் பார்த்தார். அக்காவும் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை வருட ஞாயிற்றுக்கிழமைகள் அந்தப் பார்வையில் கிடந்தன. எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

அண்ணன் முதல் பக்கத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். இரண்டாவதையும் மூன்றாவதையும் வைத்தார். நாலாவது பக்கத்தைப் பார்த்து மைக்கில் பேசினார்.

“எட்டாவது பாட்டு. வேலைக்குப் போறப்ப லிஃப்ட்ல பக்கத்து வீட்டுக்காரரோட ஒண்ணும் பேசாம எறங்கறதைப் பத்தி ஒரு பாட்டு போட்டிருக்கீங்க. அதை நான் தெனமும் கேக்கறேன். பழைய குரல்ல பாடியிருந்தீங்கன்னா அது பாட்டா இருந்திருக்கும். இந்தக் குரல்ல அது உண்மையா இருக்கு.” அந்தப் பக்கத்தையும் மடித்தார். “மத்த எட்டும் சுமார்தான். ஆனா இன்னொண்ணு போடுங்க. நாங்க இருக்கோம்.”

முதலில் கைதட்டியது செல்வா. எழுந்து வந்து அண்ணனைக் கட்டிப்பிடித்தார். “எங்க வீட்லயும் எட்டாவதுதான் பிடிச்சிருக்குன்னு சொன்னாங்க” என்று அவர் சொன்னது மைக்கில் எல்லாருக்கும் கேட்டது.

அடுத்து அக்காவின் முறை. அக்கா எழுந்து, “அவர் சொன்னதேதான்” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். இரண்டு வார்த்தை கேட்ட இடத்தில் சரியாக இரண்டே வார்த்தை பேசியவர் அன்று அவர் ஒருவர்தான்.

விழா முடிந்து வெளியே வந்தோம். நல்ல வெயில். பஸ் நிறுத்தத்தில் அண்ணனும் அக்காவும் என்னை நடுவில் விட்டு நின்றார்கள். பழக்கம். அண்ணன் தொண்டையைச் செருமினார். நான் செய்தி சொல்லத் தயாரானேன். ஆனால் அவர் என்னைத் தாண்டி நேராக அக்காவிடமே கேட்டார்.

“நாலாவது பாட்டு எப்படி?”

அக்கா பஸ் வரும் திசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“கேவலம்” என்றார்.

“மெட்டு குமாரோடது.”

“தெரியும். அதனாலதான் இத்தனை நாளும் சொல்லல.”

அண்ணன் சிரிக்க ஆரம்பித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. கண்ணில் தண்ணீர் வந்து மூக்கைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். அக்கா கைப்பையிலிருந்து டிஷ்யூ எடுத்து நீட்டினார், என் வழியாக இல்லாமல்.

பஸ் வந்தது. நான் தேக்காவில் இறங்க வேண்டும். அண்ணன் புக்கிட் மேரா வரை போவார், அக்காவும் அதே பஸ்ஸில் போய் அங்கே மாறிக்கொள்வதாகச் சொன்னார். இருவரும் ஒரே சீட்டில் உட்கார்ந்தார்கள். நான் பின் சீட்டில். மூன்றாவது பாட்டில் அந்தப் பையனை யார் பாட விட்டது என்பதில் ஆரம்பித்து, ஏழாவது பாட்டில் புல்லாங்குழல் தேவையா என்பதில் சண்டை சூடுபிடித்தது. அக்கா தேவை என்றார். அண்ணன் தேவையே இல்லை என்று முன் சீட்டின் கம்பியைத் தட்டினார். எதிர்வரிசையில் இருந்த ஒரு மலாய்ப் பாட்டி பயந்து வேறு இடத்துக்கு மாறி உட்கார்ந்தார்.

சிராங்கூன் சாலை வந்து, தேக்கா நிறுத்தமும் வந்தது. கதவு திறந்தது, ஆட்கள் இறங்கினார்கள், கதவு மூடியது. நான் இறங்கவில்லை. அவர்கள் இருவரும் கவனிக்கவில்லை, நானும் சொல்லவில்லை.