முகம் பொருந்தவில்லை

வாசல் கதவருகே சுவரில் பதித்திருந்த மெஷின் மூன்றாவது தடவையாகச் சிவப்பு விளக்கைக் காட்டி, "முகம் பொருந்தவில்லை" என்றது.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க மேடம்," என்றார் வாட்ச்மேன்.

தள்ளி நின்றாள். பொருந்தவில்லை.

"கண்ணாடியைக் கழட்டிப் பாருங்க."

கழற்றினாள். பொருந்தவில்லை. அவளுக்குப் பின்னால் நின்ற ஸ்டோர்காரருக்கு நாலு நாள் தாடி. கன்னத்தில் தலையணை மடிப்பு அப்படியே இருந்தது. அவர் அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்ததுமே பச்சை விளக்கு எரிந்து கதவு திறந்துகொண்டது.

"மூஞ்சியில என்னமோ பளபளன்னு இருக்கே மேடம். எண்ணெயா?"

"முட்டை," என்றாள் அவள், பல்லைக் கடிக்காமல். பல்லைக் கடித்தால் வாயோரத்தில் கோடு விழும் என்று மகள் எச்சரித்திருந்தாள்.

 வாட்ச்மேன் கையெழுத்துப் போடும் பதிவேட்டை எடுத்து நீட்டினார். அதில் 'காரணம்' என்று ஒரு கட்டம் இருந்தது. கொஞ்சம் யோசித்துவிட்டு, 'முகம்' என்று எழுதினாள்.

எல்லாம் போன திங்கட்கிழமை ஆரம்பித்தது. வாஷிங் மெஷினும் ஃப்ரிட்ஜும் பழுது பார்க்கும் அந்தக் கம்பெனியின் புகார் கவுண்டரில் அவள் பத்தொன்பது வருஷமாக உட்கார்ந்திருக்கிறாள். அன்று மேலாளர் அவளை அறைக்குக் கூப்பிட்டு, "தப்பா எடுத்துக்காதீங்க மேடம்," என்றார். அப்படித் தொடங்கும் பேச்சைச் சரியாக எடுத்துக்கொள்ள இதுவரை யாராலும் முடிந்ததில்லை.

"ஒண்ணாம் தேதி முன் ஹாலைப் புதுசாத் திறக்கறோம். கவுண்டர்ல பளிச்சுனு ஒரு முகம் வேணும்னு ஹெட் ஆபீஸ்ல சொல்றாங்க. உங்க நெத்தியில அந்த ரெண்டு கோடு இருக்கே, வர்றவங்களுக்கு நீங்க என்னமோ கோவமா இருக்கற மாதிரியே தெரியுது."

கோபமாகத்தான் இருக்கிறேன் என்று அவள் சொல்லவில்லை.

"மாசக் கடைசி வரைக்கும் பாப்போம். இல்லேன்னா கீழே கோப்பறை இருக்கு. அங்கே இருக்கற அம்மா ரிட்டயர் ஆகறாங்க. நிம்மதியான வேலை. யாரும் உங்களைப் பாக்கக்கூட மாட்டாங்க."

சொல்லிவிட்டு அன்போடு சிரித்தார். அவர் கண்ணுக்குக் கீழே தொங்கிய இரண்டு பைகளில் ஒரு வாரத்துக்கான காய்கறி வாங்கலாம். அவருக்கு வந்தால் அதற்குப் பெயர் அனுபவம்.

அன்று சாயங்காலம் குளியலறைக் கண்ணாடியில் அந்தக் கோடுகளைப் பார்த்தாள். புருவங்களுக்கு நடுவே, தண்டவாளம் போல இரண்டு. இவற்றை நான் தனியாகவா போட்டுக்கொண்டேன் என்று நினைத்தாள். இடது கோட்டில் பாதி, தலைமேல் கண்ணாடியை ஏற்றி வைத்துக்கொண்டு 'என் கண்ணாடி எங்கே' என்று தினமும் வீட்டைக் கலக்கும் கணவருக்குச் சொந்தம். மீதி, நாளைக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராத மெக்கானிக்குகளுக்கு. வலது கோடு, மாமியார் படுத்த படுக்கையாகக் கிடந்த இரண்டு வருஷத்தில் விழுந்தது. எட்டிப் பார்க்க வந்த நாத்தனார் வாசலில் நின்றபடி, 'ஏன் அண்ணி எப்பவும் கடுகடுன்னு இருக்கீங்க' என்று கேட்ட நாளில் அது இன்னும் ஆழமானது. இத்தனை பேர் சேர்ந்து உழுத நிலத்தை அவள் ஒருத்தியே சமன் செய்து தர வேண்டுமாம்.

ஆனால் கவுண்டரை விட அவளுக்கு மனமில்லை. அந்த நாற்காலி ஒன்றுதான் உலகத்தில் அவள் பேச்சுக்கு நாலு பேர் எழுந்து நின்ற இடம்.

மகள் போனைப் பார்த்து மருந்துகளைச் சொன்னாள். "எல்லாம் இயற்கைம்மா. முட்டை வெள்ளைக்கரு, தேன், கற்றாழை. எட்டு டம்ளர் தண்ணி. வெயில்ல போகாதே. மல்லாந்து படு, ஒருக்களிச்சா கன்னம் மடியும். முக்கியமா, கோவப்படாதே. ஒரு தடவை முகத்தைச் சுளிச்சா ஒரு வாரம் பூசினது வேஸ்ட்."

"கோவம் வந்தா?"

"வரட்டும். முகத்துக்கு வரவிடாதே."

"அப்ப அது வேற எங்கே போகும்?"

மகள் விரலால் மேலும் கீழும் தள்ளிப் பார்த்தாள். "அதைப் போடலைம்மா."

கணவர் வந்து எட்டிப் பார்த்தார். "வெள்ளைக்கரு உனக்கு, சரி. மஞ்சக்கரு?"

"நீங்க சாப்பிடுங்க."

அவர் சந்தோஷமாகச் சாப்பிட்டார். ஒரு வாரத்தில் பதினான்கு. பிறகு நெஞ்சைக் கரிக்கிறது என்று அவளையே குற்றம் சொன்னார். மல்லாந்து படுத்ததில் அவளுக்குக் குறட்டை வந்தது. தலையணையைத் தூக்கிக்கொண்டு ஹாலுக்குப் போனார். அதற்கும் கோபப்படவில்லை. கோபம் தொண்டை வரை வந்து, போக இடமில்லாமல் அங்கேயே உட்கார்ந்துகொண்டது.

மெஷின் அவளைத் திருப்பி அனுப்பிய முதல் நாள், அது முட்டையின் வேலை என்றுதான் நினைத்தாள். மறுநாள் நன்றாகக் கழுவிக்கொண்டு போனாள். அப்போதும் பொருந்தவில்லை. உள்ளுக்குள் ஒரு சின்னச் சந்தோஷம்கூட எட்டிப் பார்த்தது.

"மெஷினுக்கே அடையாளம் தெரியலைன்னா, வயசு குறைஞ்சிருக்குன்னுதானே அர்த்தம்?" என்றாள் வாட்ச்மேனிடம்.

அவர் அவளை உற்றுப் பார்த்தார். நேர்மையான மனிதர். "அந்த அளவுக்கு இல்லை மேடம்."

"அந்த மெஷினே லொடலொட கேஸ்," என்று பின்னால் நின்ற ஸ்டோர்காரர் ஆறுதல் சொன்னார். "மழை பெஞ்சா அரை மணி லேட்டாத்தான் முழிக்கும். மத்தியானம் ஒண்ணுலேர்ந்து ஒண்ணரை வரைக்கும் யாரு போய் நின்னாலும் கண்டுக்காது. சூடாயிடுதாம்."

வீட்டில் சொன்னபோது கணவரும், "மெஷின் கெட்டுப் போயிருக்கும்," என்றார். தான் இளமையானதை இந்த மனிதர் ஒப்புக்கொள்ளவே மாட்டார் என்று இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. அந்த இரண்டு நாளும் முகத்தைச் சுளிக்காமலே பேசாமல் இருந்தாள். அது ரொம்பக் கஷ்டமான வேலை.

மூன்றாவது கையெழுத்து விழுந்ததும் மேலாளர் ஒரு பழைய சுற்றறிக்கையைத் தேடியெடுத்தார். மாதத்தில் ஆறு நாள் முகம் பொருந்தாதவர்களைப் பொதுஜனம் வரும் இடத்தில் உட்கார வைக்கக் கூடாது.

"நான் நான்தான்னு உங்களுக்குத் தெரியும்தானே சார்?"

"எனக்குத் தெரியும் மேடம். ரூல்ஸுக்குத் தெரியணுமே."

மெஷின்காரரை வரவழைத்தாள். அவர் மெஷினின் மூடியைக்கூடத் திறக்கவில்லை. கைக்குட்டையால் கண்ணாடியைத் துடைத்துவிட்டு, இருமினார்.

"பழைய முகத்தை அழிக்காம புது முகத்தை ஏத்த முடியாது மேடம்."

"அழிங்க."

"பழைய முகம் வந்து நின்னாத்தான் அழிக்க விடும்."

"நான்தானே பழைய முகம்?"

"அதை மெஷின் சொல்லணுமே," என்றார் அவர், பையை மூடியபடி. கேட்டைத் தாண்டும்போது ஓடியது போலிருந்தது.

அப்போதுதான் அவளுக்கு நினைவு வந்தது. ஆறு வருஷத்துக்கு முன்னால் அந்த மெஷினுக்காக முகம் பதிந்த நாளில் இதே மேலாளர் பக்கத்தில் நின்றார். 'சிரிங்க மேடம், லேடீஸ் சிரிச்சாத்தானே அழகு' என்றார். அதைக் கேட்டு அவள் காமிராவைப் பார்த்த பார்வைதான் உள்ளே பதிந்திருக்கும். மெஷினுக்குத் தெரிந்த அவள், கோபத்தோடு இருக்கும் அவள்.

சரி, ஒரே ஒரு விநாடி சுளித்துக் காட்டிவிட்டு உடனே சரிசெய்துகொள்ளலாம் என்று மறுநாள் காலை மெஷின் முன்னால் நின்று புருவத்தை நெரித்தாள். புருவம் வரவில்லை. மகளின் யோசனைப்படி வீட்டில் இருக்கும் நேரமெல்லாம் நெற்றியில் காகித டேப்பை ஒட்டிப் பழகியதில், தசைகள் வேலையை மறந்திருந்தன. மூக்கு மட்டும் மேலே போனது.

"தும்மல் வருதா மேடம்?" என்றார் வாட்ச்மேன் அக்கறையாக.

முகம் பொருந்தவில்லை. அது நான்காவது கையெழுத்து.

கவுண்டரில் நிலைமை இன்னும் மோசம். முன்பெல்லாம் அவள் நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தால் வரிசை தானாக நேராகும். இப்போது வழவழப்பான முகத்தோடு, "கொஞ்சம் வரிசையில வாங்க," என்றாள். ஒருவர் குறுக்கே புகுந்தார். இன்னொருவர் தன் மூத்த மருமகளின் குணத்தை நாற்பது நிமிஷம் சொன்னார். கடைசிவரை அவர் வீட்டில் எந்தப் பொருள் கெட்டுப்போனது என்று தெரியவில்லை. மெக்கானிக்குகளுக்குப் போன் செய்து, "முடிஞ்சா இன்னிக்குப் போறீங்களா?" என்று கேட்டாள். அவர்களுக்கு முடியவில்லை.

ஐந்தாம் நாள் ஒரு பெண் இடுப்பில் குழந்தையோடு வந்து நின்றாள். வீட்டில் வாஷிங் மெஷின் ஒழுக ஆரம்பித்து ஐந்து நாளாகிறது என்றாள். "நீங்க புதுசா? முன்னாடி இங்கே ஒரு கோவக்கார அம்மா இருப்பாங்களே, அவங்க எங்கே?"

"எதுக்கு?"

"அவங்க இருந்தா இந்நேரம் போன்ல கத்தி ஆளை வரவழைச்சிருப்பாங்க. நமக்காகக் கோவப்பட அவங்க ஒருத்தர்தான் இருந்தாங்க."

அவள் நெற்றி துடித்தது. நான்தான் அது என்று சொல்ல வாயெடுத்தாள். ஆனால் நாளை மறுநாள் ஹெட் ஆபீஸிலிருந்து வருகிறார்கள். இத்தனை நாள் காப்பாற்றியது வீணாகிவிடும். "டோக்கன் போட்டுட்டு உட்காருங்க," என்றாள் மென்மையாக. அந்தப் பெண் பார்த்த பார்வையை வீடு வரை சுமந்துகொண்டு போனாள்.

ஆறாவது கையெழுத்தும் விழுந்தது. ஹெட் ஆபீஸ்காரர் வந்த அன்று ஹாலில் வரிசையே இல்லை, ஒரே கூட்டம். யாரோ ஒருவர் ஒழுகும் வாஷிங் மெஷினையே தூக்கி வந்து கவுண்டர் மேல் வைத்திருந்தார். அதற்குப் பின்னால் அவள் முகம், ஒரு கோடுகூட இல்லாமல், தெரியவே இல்லை.

"முகமெல்லாம் இப்ப ரொம்ப நல்லா இருக்கு மேடம்," என்றார் மேலாளர், மாற்றல் உத்தரவை நீட்டியபடி. "ஆனா வேலையில முன்ன மாதிரி ஒரு பிடி இல்லையே. ஆறு நாள் வேற ஆயிடுச்சு. ஒண்ணாம் தேதியிலேர்ந்து கீழே போயிடுங்க."

ஒன்றாம் தேதி காலை அவள் எதையும் பூசவில்லை. டேப்பைப் பிய்த்து எறிந்தபோது நான்கு புருவ முடிகளும் கூடவே வந்தன.

"என் கண்ணாடி எங்கே?" என்றார் கணவர்.

"தலையில," என்று அவள் போட்ட சத்தத்தில் மகள் அறையிலிருந்து ஓடி வந்தாள். மூன்று வாரத்துக் கோபம் ஒன்றாக ஏறி வந்து நெற்றியில் அதன் பழைய இடத்தைத் தேடிப்பிடித்து உட்கார்ந்தது. வழியெல்லாம் அது இறங்கவில்லை. முகத்தில் கோடு இருக்கிறது, எடு என்றார்கள், எடுத்துக்கொடுத்தாள். வேலையில் பிடி இல்லை என்றார்கள். அந்தப் பிடி அந்தக் கோட்டில்தான் இருந்தது என்று ஒருத்தருக்குமா தெரியவில்லை?

மெஷின் முன்னால் நின்று முறைத்தாள். அவள் சரியாக நிற்பதற்குள் பச்சை விளக்கு எரிந்தது. கதவு விரியத் திறந்தது.

"பழைய முகம் வந்துடுச்சு மேடம்," என்றார் வாட்ச்மேன், தன் வீட்டு விசேஷம் போல.

இனி வந்து என்ன. அவள் ஹாலுக்குப் போகாமல் இடதுபக்கம் திரும்பி, படிகளை உதைத்துக்கொண்டு இறங்கினாள்.

கோப்பறையில் ஒரே ஒரு குழல் விளக்கு. பொறுப்பை ஒப்படைத்துவிட்டுப் போக அந்த அம்மா காத்திருந்தார். கசக்கிப் பிரித்த காகிதம் போல முகம் முழுக்கக் கோடுகள். அதைப்பற்றி அவருக்கு ஒரு கவலையும் இருப்பதாகத் தெரியவில்லை. மேசையில் ஒரு டிபன் டப்பா. அதன் பக்கத்தில் ஒரு சின்னத் திரை. திரையில் வாட்ச்மேனின் தொப்பி தெரிந்தது.

"அட, நீங்களா?" என்றார் அந்த அம்மா. "வாங்க வாங்க. உங்களைத் திரும்பப் பாத்ததும் எனக்கு அவ்வளவு சந்தோஷம். ஒரே அமுக்கா அமுக்கிட்டேன்."

"எதை?"

திரையில் ஸ்டோர்காரரின் தாடி வந்தது. அந்த அம்மா மேசை விளிம்பில் இருந்த பச்சைப் பட்டனைத் தட்டினார். மேலே கதவு திறக்கும் சத்தம் கேட்டது.

அவள் பட்டனைப் பார்த்தாள். திரையைப் பார்த்தாள். டிபன் டப்பாவைப் பார்த்தாள்.

"மெஷின்?"

"அது வந்த மாசமே படுத்துடுச்சும்மா. நாளைக்கு வந்து சரிபண்றேன்னு மெஷின்காரர் பச்சை, சிவப்புன்னு இந்த ரெண்டு பட்டனை மாட்டிட்டுப் போனாரு. ஆறு வருஷமாச்சு. மேல ஒருத்தருக்கும் தெரியாது. யாராவது இறங்கி வந்து கேட்டாத்தானே சொல்றதுக்கு."

"அப்ப இத்தனை நாளா என்னை ஏன் உள்ளே விடலை?"

"உங்களையா? தினம் ஒன்பது மணிக்கு ஒரு முகம் வரும், ஊரையே எரிக்கற மாதிரி. அதைப் பாத்தாத்தான் எனக்கு ஆபீஸ் ஆரம்பிச்ச மாதிரி இருக்கும். திடீர்னு அதைக் காணோம். அதுக்குப் பதிலா யாரோ மெழுகு பொம்மை மாதிரி வந்து நின்னாங்க. முன்னப்பின்ன தெரியாத ஆளை நான் எப்படிம்மா உள்ளே விடுவேன்?"

அவள் வாயைத் திறந்தாள். இரண்டு கோடுகளும் நெற்றியில் முறுக்கிக்கொண்டு தயாராக நின்றன. யார்மேல் பாய்வது என்றுதான் தெரியவில்லை.

திரையில் ஒரு கார் வந்து நின்றது. மேலாளர் இறங்கி, தலையைச் சீவிக்கொண்டு, கண்ணுக்குக் கீழே தொங்கும் இரண்டு பைகளோடும் மெஷினைப் பார்த்துச் சிரித்தார்.

அந்த அம்மா எழுந்து டிபன் டப்பாவைப் பைக்குள் வைத்தார். நாற்காலியைத் துடைத்து அவள் பக்கம் நகர்த்தினார்.

"உட்காரும்மா, ஒண்ணும் அவசரமில்லை," என்றார். "தெரிஞ்ச முகமா இருந்தா மட்டும் அமுக்கு."